தொண்டரை அழைத்து வருவதும் தொண்டா?

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்த சிவகிரியில் பொழுது சற்று முன்னதாகவே சாய்ந்துவிடும். அவ்வாறு நிழல் விழுந்த ஒரு மாலை வேளையில், செபமாலை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், தாய் ஒருவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார். எலுமிச்சைத் தோட்டங்களில் கூலி வேலை செய்து, தம் ஒரே மகனைச் சமூகப்பணியில் முதுகலைப் பட்டம் வரை படிக்க வைத்தவர் அவர்.

“சாமி, மவனுக்கு மதுரையில வேலை கிடைச்சிருக்கு. வெளிநாட்டுப் பிள்ளைக சம்பளம் வாங்காம இங்க வந்து வேலை செய்யுமாம். அதுகளைக் கூட்டியாந்து, தங்க வச்சு, திருப்பி அனுப்புற ஆபீசாம். வாரவுகளுக்குச் சம்பளம் இல்ல, கூட்டியாறவனுக்குச் சம்பளம். இது என்ன வேலை சாமி? தருமமா, வியாபாரமா?”

நல்ல வேலைதான், போகட்டும் என்று சொல்லி அவரை அனுப்பி வைத்தேன். ஆயினும், அவ்வினாவுக்கு நான் விடை கூறவில்லை என்பது எனக்கே தெரிந்திருந்தது. இன்று நம் இளைஞர் பலர் இத்தகைய நிறுவனங்களில் பணிக்குச் செல்கின்றனர். வேறு சிலர் தாமே தொண்டராக அயல்நாடு செல்ல விரும்புகின்றனர். எனவே, அத்தாயின் வினாவை நம் குடும்பங்கள் அனைத்தின் வினாவாகவே கொண்டு சிறிது ஆராய்வோம்.

போர்க்களத்தில் பிறந்த பணி

நாடு கடந்த தொண்டு என்பது முதல் உலகப் போரின் சாம்பலிலிருந்து எழுந்தது. பியேர் செரசோல் என்பவர் சுவிட்சர்லாந்து நாட்டுப் பொறியாளர். அவருடைய தந்தையார் அந்நாட்டின் தலைவராக இருந்தவர். போர் முடிந்தபின், 1920-ஆம் ஆண்டில், பிரான்சு நாட்டில் வெர்தன் போர்க்களத்திற்கு அருகே அழிந்து கிடந்த எஸ்ன் என்னும் சிற்றூரைக் கட்டியெழுப்பச் செரசோல் ஒரு சிறு குழுவோடு சென்றார். நேற்றுவரை பகைவராயிருந்த ஜெர்மானியரும் அக்குழுவில் இருந்தனர். இடித்தவனின் நாட்டானே வந்து கட்டிக் கொடுப்பதைப் போல் சமாதானத்தை எடுத்துரைக்கும் பிரசங்கம் வேறு உண்டோ? அம்முயற்சி சில மாதங்களிலேயே நின்றுபோயிற்று எனினும், அதிலிருந்து பிறந்த பன்னாட்டுத் தொண்டர் இயக்கம் இன்றும் பணியாற்றி வருகின்றது.

1934-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. செரசோலும் தோழர் சிலரும் கப்பலேறி வந்து, இராஜேந்திர பிரசாத்தின் தலைமையில் நடைபெற்ற துயர் துடைப்புப் பணியோடு இணைந்து, முசபர்பூர் மாவட்டத்தில் வீடிழந்த மக்களோடு சேர்ந்து மேட்டு நிலத்தில் குடியிருப்பு அமைத்தனர். நம் நாட்டிற்கு இவ்வகைத் தொண்டு வந்த வழி இதுவே.

பின்னர் இப்பணி பெருகியது. 1958-இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சன் தம்பதியர் ஓர் அமைப்பைத் தொடங்கினர். முதலில் பள்ளிப் படிப்பு முடித்த 18 வயது இளைஞரையே அனுப்பிய அவ்வமைப்பு, காலப்போக்கில் தொழில் தேர்ந்தவரையே அனுப்பத் தலைப்பட்டது. நல்ல மனம் மட்டும் போதாது, கைத்திறனும் வேண்டும் என்பதை அனுபவம் கற்பித்தது போலும்! 1961-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி அமைதிப் படையைத் தோற்றுவித்தார். அப்படையினர் 1976 வரை நம் நாட்டில் இருந்தனர். பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான ஜிம்மி கார்ட்டரின் தாயார் லில்லியன், 68-ஆம் வயதில் அப்படையில் சேர்ந்து பம்பாய்க்கு அருகிலுள்ள விக்ரோலியில் செவிலியராகப் பணிபுரிந்தார். ஐக்கிய நாடுகள் சபை 1970-இல் தன் சொந்தத் தொண்டர் அமைப்பை நிறுவ முடிவெடுத்தது. 2026-ஆம் ஆண்டைப் பன்னாட்டுத் தொண்டர் ஆண்டாகவும் அச்சபை அறிவித்துள்ளது.

நமக்கு அருகிலேயே ஓர் “அமைதித் தீவு”

இவையெல்லாம் தொலைவில் நடந்தவை என எண்ணவேண்டா. நம் மலைத்தொடரின் அடிவாரத்திலேயே, தெற்கே வாழைத் தோட்டங்கள் சூழ்ந்த களக்காட்டில் நடந்ததைக் கேளுங்கள்.

சாமிநாதர் சபைத் துறவியான தொமினிக் பீர் அடிகளார் 1910-இல் பெல்ஜியம் நாட்டில் தினாந்த் நகரில் பிறந்தவர். நான்கு வயதில், படையெடுப்புக்கு அஞ்சிக் குடும்பத்தோடு பிரான்சுக்கு ஓடியவர். போர் முடிந்து திரும்பியபோது இடிந்த வீட்டைக் கண்டவர். அகதி என்றால் யார் என்பதை அவருக்கு எவரும் கற்பிக்கத் தேவையிருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின், எந்நாடும் ஏற்க மறுத்த முதியோரும் நோயாளரும் முகாம்களில் வாடுவதைக் கேள்வியுற்று, 1949-இல் அவர்களுக்கெனப் பணி தொடங்கினார். ஐரோப்பாவில் ஏழு அகதிக் குடியிருப்புகளை எழுப்பினார். 1958-இல் அமைதிக்கான நோபல் பரிசு அவரை நாடி வந்தது.

அதன் பின்னரே அவர் ஆசியாவை நோக்கினார். “அமைதித் தீவுகள்” என்னும் திட்டத்தின் முதல் தீவு, அன்று கிழக்குப் பாகிஸ்தானாக இருந்த வங்காள தேசத்தின் கோகிராவில் 1962-இல் அமைந்தது. இரண்டாவது தீவுக்குத் தெரிந்தெடுக்கப்பட்ட இடமே நம் களக்காடு. அடிகளார் 1969 சனவரி 30-ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். எனினும் 1970-களில் களக்காட்டில் அப்பணி நடந்தேறியது.

அத்திட்டத்தின் விதிகளை நம் நெஞ்சில் எழுதிக்கொள்வது நன்று. அயல்நாட்டார் சிலரே வருவர். உள்ளூராரோடு சேர்ந்து உழைப்பர். குறித்த சில ஆண்டுகளே தங்குவர். பின்னர், பணியை உள்ளூராரிடமே ஒப்படைத்துப் போய்விடுவர். மதம் மாற்றும் நோக்கமும் அதில் இல்லை. அடிகளார் துறவியாயிருந்தும், எச்சமயத்தாரையும் அவரவராகவே மதித்தார். சுருங்கக் கூறின், தாம் தேவைப்படாத நாளை நோக்கியே உழைப்பவன் உண்மைத் தொண்டன்.

அலுவலகத்தின் உள்ளே

இனி, இத்தகைய நிறுவனத்தில் பணிபுரிவோர் செய்யும் வேலைதான் என்ன? அத்தாயின் மகன் எனக்கு விளக்கியதைச் சொல்கிறேன்.

வர விரும்புவோரின் விண்ணப்பங்களைப் பரிசீலித்தல், அவர்தம் நாட்டுக் காவல்துறையின் நன்னடத்தைச் சான்றிதழைக் கேட்டுப் பெறுதல், எந்த ஊருக்கு என்ன தேவை என்று நேரில் சென்று அறிதல், தங்குமிடமும் உணவும் ஏற்பாடு செய்தல், கோயிலிலும் வீட்டிலும் உடுத்தும் முறை, உண்ணும் முறை முதலியவற்றைக் கற்பித்தல், நள்ளிரவில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் மருத்துவமனைக்கு அழைத்தோடுதல் ஆகிய யாவும் அவன் பொறுப்பு.

சட்டத்தின் பொறுப்பும் உண்டு. சுற்றுலா விசாவில் வருபவர் ஊதியமின்றிச் செய்யும் குறுகிய காலத் தொண்டுக்கு ஒரு மாதமே உச்ச வரம்பு. நீண்ட காலம் பணிபுரிய வேறு விசா வேண்டும். அயல்நாட்டாருக்குத் தங்க இடம் கொடுப்போர், 24 மணி நேரத்திற்குள் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டும். வெளிநாட்டு நன்கொடை பெறுவதாயின், 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவோ அனுமதியோ தேவை. 2020-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, அப்பணம் புதுதில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து சேர வேண்டும். நிர்வாகச் செலவு அதில் 20 விழுக்காட்டைத் தாண்டலாகாது.

இத்தனை உழைப்புக்கும் ஊதியம் வாங்குவதில் குற்றமென்ன? கோவில்பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் நாம் ஊதியம் கொடுப்பதில்லையா? கூலி வாங்குவதால் தொண்டு வியாபாரமாகிவிடாது. எது அதை வியாபாரமாக்குகிறது என்பதே வினா.

என் பங்குக்கு ஒரு குற்றம்

இங்கு என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன், நான் வேறோர் ஊரில் பணியாற்றிய காலத்தில், ஒரு நிறுவனத்தார் அயல்நாட்டு மாணவர் பன்னிருவரை அனுப்பி வைப்பதாக எழுதினர். பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூச வேண்டும் என்று நானும் ஒப்பமிட்டேன். அவர்கள் வந்தனர், வெயிலில் வாடினர், பாடினர், படம் பிடித்தனர், இரண்டு வாரத்தில் விடைபெற்றனர். நல்ல பிள்ளைகள்தாம். ஆனால் சுவரெங்கும் வண்ணம் திட்டுத் திட்டாக வழிந்து நின்றது. வழக்கமாக நம் பள்ளிக்கு வெள்ளையடிப்பவரை அழைத்து மீண்டும் பூசச் சொன்னேன். வேலை முடித்து, கூலியை வாங்கிக்கொண்டு அவர் கேட்டார்: “சாமி, அந்தப் பிள்ளைக பிளேனுல வந்து போன காசு எம்புட்டு இருக்கும்?”

நான் தலை குனிந்தேன். அந்த இரு வாரமும் அவர் வேலையின்றி வீட்டில் இருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. உங்களுக்கு என்ன தேவை என்று எங்களை எவரும் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன தெரியும் என்று அம்மாணவரை நாங்களும் கேட்கவில்லை.

அதைவிடக் கொடிது ஒன்று

தம்பி வேலையில் சேர்ந்த மறு ஆண்டு, ஏப்ரல் மாதத்தில், வாடிய முகத்தோடு என்னைக் காண வந்தான். அவனுடைய நிறுவனம் தொண்டர்களை ஒரு குழந்தைகள் இல்லத்திற்கு அனுப்பி வந்தது. வருவோர் இதற்கெனப் பெருந்தொகை செலுத்துவர். “ஃபாதர், அங்கே இருக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருக்கிறார்கள். மே மாதம் ஒரு குழு வருகிறது என்பதற்காக, விடுமுறைக்குப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைக்கப் போகிறார்கள். நான் என்ன செய்ய?” என்றான்.

அன்பர்களே, இது ஓர் ஊரின் கதையன்று. தாயுள்ள பிள்ளையை அனாதையென்று காட்டிப் பணம் திரட்டும் தீமை பல நாடுகளில் வெளிப்பட்டுள்ளது. வாரந்தோறும் புது முகம் வந்து அணைப்பதும், பின் மறைவதும் குழந்தையின் உள்ளத்தில் ஆறாத புண்ணை உண்டாக்கும். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானத்தில், அனாதை இல்லங்களை நாடிச் செல்லும் சுற்றுலாத் தொண்டின் கேடுகளைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டமும், எல்லாக் குழந்தை இல்லங்களும் பதிவு பெறவேண்டும் என்றும், இல்லத்தில் சேர்ப்பது இறுதி வழியாகவே இருக்கவேண்டும் என்றும் விதிக்கிறது.

“தம்பி, கண்டதைக் கண்டபடி எழுது. மிகைப்படுத்தாதே, மறைக்கவும் செய்யாதே. உன் மேலாளரிடம் கொடு. அவர்கள் அசையாவிடில், மாவட்டக் குழந்தைகள் நலக் குழு இருக்கிறது” என்றேன். அவன் எழுதினான். மேலாளர் சினந்தார். எனினும் அந்த மே மாதம் குழு வேறிடம் சென்றது. பிள்ளைகள் தத்தம் வீடு சென்றனர். மறு ஆண்டு அவனுடைய பணி ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

ஆய்க்குடி காட்டும் வழி

அப்படியாயின் அயல்நாட்டார் வரவே கூடாதோ? அன்று. தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் உள்ள அமர் சேவா சங்கத்தைக் காணுங்கள். 1975-இல் கடற்படைத் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழ் செயலிழந்த பொறியியல் மாணவர் திரு. இராமகிருஷ்ணன், 1981-இல் தம் சொந்த ஊரில் அதைத் தொடங்கினார். தமக்கு மருத்துவம் செய்த படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாகலின் பெயரையே அதற்குச் சூட்டினார். தசைச் சிதைவு நோயுற்ற தணிக்கையாளர் திரு. சங்கரராமன் 1992-இல் அவரோடு இணைந்தார். 2020-இல் திரு. இராமகிருஷ்ணனுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. கனடா முதலிய நாடுகளிலிருந்து இயன்முறை மருத்துவம் அறிந்தோர் அங்கு வந்து பணிபுரிந்துள்ளனர். ஆனால், ஊனமுற்ற குழந்தையின் வீட்டுக்கு நாள்தோறும் செல்பவர் யார்? பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்களே. வந்தவர் போன பின்னும் பணி நிற்பதில்லை. தலைமை உள்ளூராரிடம் இருப்பதே அதன் காரணம்.

குடும்பங்கள் கேட்க வேண்டியவை

ஆகவே, இத்தகைய பணியில் மகனையோ மகளையோ சேர்க்குமுன் பெற்றோர் சில வினாக்களைக் கேட்பது நலம். முதலாவது, இவ்வேலையைக் கேட்டது அவ்வூர் மக்களா, அல்லது வருபவரின் விருப்பமா? இரண்டாவது, உள்ளூர்க் கூலியாள் ஒருவரின் பிழைப்பை இது பறிக்கின்றதா? மூன்றாவது, வருபவர் செலுத்தும் பணத்தில் ஊருக்குச் சேர்வது எவ்வளவு? கணக்கைக் காட்டுவார்களா? நான்காவது, குழந்தைகள் காட்சிப் பொருளாக்கப்படுகின்றனரா? ஐந்தாவது, தொண்டர் சென்ற மறுநாள் அங்கு எஞ்சி நிற்பது யாது?

அயல்நாட்டில் தொண்டாற்ற விரும்பும் இளைஞருக்கும் ஓர் எச்சரிக்கை. ஐக்கிய நாடுகள் தொண்டர் அமைப்பு விண்ணப்பிப்போரிடம் எக்கட்டணமும் வாங்குவதில்லை. மாறாக, பணியில் இருப்பவருக்கு வாழ்க்கைப் படி தருகிறது. அதன் பெயரைச் சொல்லி எவரேனும் முன்பணம் கேட்டால், அது வஞ்சனை என்று அறிக.

அண்மையில் அத்தாய் மீண்டும் என்னைச் சந்தித்தார். மகன் இப்போது வேறொரு சிறு நிறுவனத்தில், முன்னையினும் குறைந்த ஊதியத்தில் பணிபுரிகின்றான். ஊருக்கு என்ன தேவை என்று கேட்டறிந்த பின்னரே தொண்டரை அழைப்பது அங்கு விதியாம்.

“சம்பளம் குறைஞ்சு போச்சேன்னு உனக்கு வருத்தமில்லையா அம்மா?” என்று கேட்டேன்.

“இருக்கு சாமி. கடன் இன்னும் அடையல. ஆனா அந்த மே மாசம் பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மாருல ஒருத்தி அவன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதாளாம். அதைச் சொல்லையில இவனும் அழுதான்” என்றார்.

முன்பு அவர் கேட்ட வினாவுக்கு நான் விடை கூறவில்லை. அவர் மகன் கூறிவிட்டான்.