ஓர் இணைப்பு, மூவகைப் பணி

தொலைபேசிக்கு ஒரு கம்பி, கணிப்பொறிக்கு வேறொரு கம்பி என்றிருந்த காலம் மறைந்து வருகின்றது. இன்று அலுவலகங்கள் பலவற்றில் ஒலி, காட்சி, தரவு ஆகிய மூன்றும் ஒரே கண்ணாடி இழை வழியே செல்கின்றன. 2011ஆம் ஆண்டில் தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் சோகோ நிறுவனம் தன் கிளையைத் தொடங்கியது. மலையடிவாரச் சிற்றூரில் இருந்தவாறே உலகெங்கும் உள்ள வாடிக்கையாளர்க்கு மென்பொருள் ஆக்கித் தரலாம் என்பதை அது மெய்ப்பித்தது. இத்தகைய தொழில்களுக்கு இணைப்பு மட்டும் போதாது. அதனைப் பங்கிடும் முறையும் வேண்டும்.

மூன்றும் சிறுசிறு பொதிகளாகவே பயணம் செய்கின்றன. எனினும் அவற்றின் இயல்புகள் வேறு. தரவு காத்திருக்கும், ஆனால் ஓர் எழுத்தும் குறைதல் ஆகாது. ஒலி சிற்றிழப்பைப் பொறுக்கும், தாமதத்தைப் பொறுக்காது. காட்சியும் அத்தகையதே, ஆயின் மிகுந்த இடம் கொள்வது. ஒருவர் பேச்சு மற்றவர் செவியை 150 மில்லிநொடிக்குள் எட்டுதல் நலம் என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் செல்லும். 15,000 கிலோமீட்டர் கடக்கவே 75 மில்லிநொடி கழிந்துவிடும். எஞ்சிய பாதியை அலுவலக வாயிலில் வீணாக்கலாகாது.

எனவே ரவுட்டர் எனப்படும் திசைவி ஒலிப் பொதியை முதலிலும், காட்சிப் பொதியை அடுத்தும், தரவை இறுதியிலும் அனுப்புமாறு அமைக்கப்படுகின்றது. நொடிக்கு 10 மெகாபிட் அனுப்பவல்ல இணைப்பொன்றைக் கொள்வோம். 20 உரையாடல்களுக்கு 2 மெகாபிட்டும், இரண்டு காட்சிச் சந்திப்புகளுக்கு 5 மெகாபிட்டும் ஒதுக்கினால், தரவுக்கு 3 எஞ்சும். முன்னுரிமைக்கும் வரம்பு வேண்டும். இன்றேல் கடைநிலையில் நிற்கும் தரவு முற்றிலும் தேங்கிவிடும்.

வழியில் பொதிகள் முன்பின்னாக வந்து சேர்வதும் உண்டு. இதற்குரிய தீர்வைக் குற்றாலமே விளக்குகின்றது. பேரருவி நேரே நிலத்தில் வீழ்வதில்லை. இடையே பொங்குமாங்கடல் என்னும் பள்ளத்தில் வீழ்ந்து, வேகம் தணிந்து, பின்னரே இறங்குகின்றது. ஆதலின் நாம் அதனடியில் நின்று நீராட இயலுகின்றது. அவ்வாறே பெறும் கருவியும் பொதிகளைக் கணநேரம் தேக்கி, வரிசைப்படுத்தி, சீராக வெளிவிடுகின்றது. தேக்கம் மிகுமாயின் பேச்சில் தாமதமும் மிகும். அளவறிந்து தேக்குதலே சிறப்பு.

மூன்றும் ஒரே இழையை நம்புவதில் இடரும் உண்டு. பழைய கம்பித் தொலைபேசிக்கு நிலையத்திலிருந்தே மின்சாரம் வந்தது. வீட்டில் மின்சாரம் நின்றாலும் அது ஒலித்தது. இன்றோ மின்சாரம் நின்றால், அன்றி இழை அறுந்தால், மூன்றும் ஒருங்கே நின்றுபோகும். ஆதலின் மின்கலமும், வேறு வழியில் வரும் இரண்டாம் இணைப்பும் தேவை. இவை செலவல்ல, தொழிலின் காப்பு.

பிழைப்புத் தேடிப் பெருநகர் செல்லும் நம் இளைஞர் பலர் சொந்த ஊரிலேயே பணியாற்றும் வாய்ப்பை இவ்விழை தரவல்லது. அதனைச் செம்மையாகப் பங்கிடக் கற்றலும் கல்வியின் ஒரு கூறே ஆகும்.