ஆளுக்கு எவ்வளவு?

பரோட்டாக் கடையில் நாலு நண்பர்கள் சேர்ந்து சாப்பிட்டு எழுந்திருக்கும்போது கல்லாப் பக்கத்தில் ஒரு தள்ளுமுள்ளு நடக்கும். ஒருவன் கை கழுவப் போகிற சாக்கில் மெதுவாக நழுவுவான். இன்னொருவன் அதைக் கண்டுகொண்டு ஈரக் கையோடு பின்னாலேயே ஓடுவான். "அண்ணே, அவன்கிட்ட வாங்காதீங்க." "டேய், போன தடவை நீதானடா குடுத்த, உள்ள வைடா." கல்லாவில் இருப்பவர் நீண்டு வரும் இரண்டு நோட்டுகளில் தமக்குப் பழகிய முகத்தின் நோட்டை வாங்கிப் போட்டுக்கொள்வார். தோற்றவன் வெளியே வந்து பீடாவும் தண்ணீர் பாட்டிலும் வாங்கித் தந்து மனதை ஆற்றிக்கொள்வான்.

அந்தத் தள்ளுமுள்ளு குறைந்துகொண்டே வருகிறது. இப்போது ஒருவர் கல்லாவில் நிற்கும் க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்து மொத்தத்தையும் கட்டுகிறார். பில்லைப் படம் எடுக்கிறார். மற்றவர்கள் வண்டியைக் கிளப்புவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் படம் வந்து விழுகிறது. கீழே ஒரே வரி: "ஆளுக்கு 237". நின்ற இடத்திலேயே மூன்று பேரும் அனுப்பிவிடுகிறார்கள். யாருக்கும் யாரும் ஒரு ரூபாய் பாக்கி இல்லை. கணக்கு அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தம் எனக்குப் பயமாக இருக்கிறது.

வார இறுதியில் நண்பர்களோடு வெளியே சாப்பிடுவதைப் பற்றி எழுத எவ்வளவோ உண்டு. மதுரையில் தோசைக்கு மேல் கொத்துக்கறி பரப்பிச் சுடுகிற கறி தோசை, உப்பி நிற்கும் பன் பரோட்டா, நடுராத்திரி ஜிகர்தண்டா. விருதுநகரில் எண்ணெயில் முங்கிப் பொரிந்து நொறுங்கும் பரோட்டா. செங்கோட்டைக்கு அருகே பிரானூரில், குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறவர்களுக்காகவே எரிகிற அடுப்புகளும் நாட்டுக்கோழி வறுவலும். சென்னையில் திருவல்லிக்கேணி மேன்ஷன்களைச் சுற்றியுள்ள மெஸ்கள். இந்த ஊர்களில் சாப்பிட்டவர்களுக்கு நான் புதிதாக ருசி சொல்லித் தர ஒன்றுமில்லை. எங்கே போனாலும் என் கண் கடைசியில் கல்லாவில்தான் போய் நிற்கிறது.

ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். நம்மூர்ச் சின்ன ஹோட்டல்களில் நண்பர் கூட்டம் சாப்பிடும் பண்டங்களில் பாதி, கணக்கைப் பிரிக்கவே முடியாதவை. பரோட்டாவை எண்ணலாம், சால்னாவை எப்படி எண்ணுவது? "அண்ணே, சால்னா" என்று குரல் கொடுத்தால் வாளியோடு வந்து இலை நிறைய ஊற்றிவிட்டுப் போவார், அதற்குத் தனிக் காசில்லை. கொத்துப் பரோட்டா ஒன்று சொல்லி, கூட ரெண்டு தட்டு கேட்பார்கள். நடுவில் வரும் ஒரு சுக்கா தட்டில் நாலு கை விழும். எவன் எத்தனை துண்டு எடுத்தான் என்று எவனும் பார்க்கமாட்டான். கடைசித் துண்டை மட்டும் யாரும் எடுக்காமல் ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். சூப்பும் காபியும் 'ஒன் பை டூ' வரும். ஒன்றைச் சொல்லி இரண்டாகப் பிரித்துக் குடிப்பதைக் கடைக்காரரே ஒரு வழக்கமாக ஏற்றுக்கொண்ட ஊர் இது. இதையெல்லாம் பொதுவில் வைத்துச் சாப்பிட்டுவிட்டு, எழுந்ததும் ஆளுக்கு ஒரு தொகையாக அறுப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

பழைய முறைக்குச் சட்டம் எதுவும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்த ஆறு பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் வங்கியில் குமாஸ்தா, ஒருவன் ஜவுளிக்கடையில், ஒருவன் ஐடி கம்பெனியில், ஒருவன் சொந்தமாக ஆட்டோ ஓட்டுகிறான், ஒருவன் போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டே இருக்கிறான், ஒருவனுக்கு இருந்த வேலை போய்விட்டது. முதல் சம்பளம் வாங்கியவன் ட்ரீட் வைப்பான். அரியர் பாஸானவன் வைப்பான். பெண் பார்த்து முடிவானவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். மற்ற நாள்களில் கையில் இருப்பவன் கொடுப்பான். ஐடிக்காரன் மூன்று முறை கொடுத்தால் ஆட்டோ ஓட்டுகிறவன் ஒரு முறை கொடுப்பான், அதுவும் எல்லாரும் டீ குடிக்கும் நாளாகப் பார்த்து. அவனும் கொடுத்தான் என்பதுதான் அங்கே பெரிய விஷயம். எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை. வேலை போனவனை "வாடா, சும்மா கூட வா" என்று வண்டியில் ஏற்றிக்கொள்வார்கள். அவன் மெனுவைப் பார்த்துத் தயங்கினால் பக்கத்தில் இருப்பவனே அவனுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவான். அவன் பணம் தரவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும், யார் நாக்கிலும் வராது. அவனுக்கு வேலை கிடைத்த மாதம் அத்தனை பேரும் அவன் செலவில் மூக்குப் பிடிக்கச் சாப்பிடுவார்கள். அதுவரைக்கும் மூன்று வருஷம் ஆனாலும் சரி.

யுபிஐ 2016ல் வந்தது. அந்த வருடம் நவம்பர் 8ஆம் தேதி இரவு ஐந்நூறும் ஆயிரமும் செல்லாது என்று அறிவிக்கப்பட்ட பிறகு கைபேசியில் பணம் அனுப்பும் பழக்கம் வேகம் பிடித்தது, கொரோனாவுக்குப் பின் தள்ளுவண்டி வரைக்கும் வந்துவிட்டது. சில்லறைக்கு அலைகிற தொல்லை போனது நல்லதுதான், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் சில்லறை இல்லாததுதான் அத்தனை நாள் நம் நட்புக் கணக்கைக் கொஞ்சம் கலங்கலாக வைத்திருந்தது. 948 ரூபாய் பில்லை நாலு பேர் நோட்டாகப் பிரித்துக் கொடுக்க முடியாது. அதனால் ஒருவர் கொடுத்தார், மற்றவர் அடுத்த முறை என்றார். இப்போது 237 என்று அச்சாக அனுப்பலாம். இரண்டரை சதவீதம், இன்னொரு இரண்டரை சதவீதம் என்று பில்லில் இரண்டு வரியாக வரும் ஜிஎஸ்டியைக்கூடப் பைசா பிசகாமல் பங்கு போடும் செயலிகள் இருக்கின்றன. முடியும் என்று வந்த பிறகு செய்யாமல் விடுவது கஷ்டமாகிவிட்டது. முழுத் தொகையையும் தானே கொடுக்கிறேன் என்பவரை, பெருமைக்குச் செய்கிறார் என்று நினைக்கும் இடத்துக்கு வந்துவிட்டோம்.

இதில் முதலில் அடிபடுகிறவன் வேலை போனவன். "ஆளுக்கு 237" என்ற வரி அவன் கைபேசிக்கும் வருகிறது. குழுவில் மற்ற நாலு பேரும் 'அனுப்பியாச்சு' என்று போட்டுவிட்டார்கள். அவன் பெயருக்கு எதிரே ஒன்றும் இல்லை. "விடுடா, அப்புறம் பார்த்துக்கலாம்" என்று ஒருவன் எழுதினால் அது இன்னும் கொடுமை, ஏனென்றால் இதுவரை சொல்லப்படாமல் இருந்தது எழுத்தில் வந்துவிட்டது. அவன் எப்படியோ அனுப்பிவிடுவான். அடுத்த சனிக்கிழமை "வீட்ல கொஞ்சம் வேலை இருக்குடா" என்பான். அதற்கடுத்த வாரம் குழுவில் பதிலே இருக்காது. ஆட்டோ ஓட்டுகிறவன் வருவான், ஆனால் கூட்டம் ஏசி ரெஸ்டாரண்டுக்குப் போகும் நாளில் வரமாட்டான். அவன் வராததால் அவர்கள் இன்னும் கொஞ்சம் செலவான இடத்துக்குப் போவார்கள். இரண்டே வருடத்தில் ஒரே வகுப்பில் படித்த ஆறு பேர் சம்பளவாரியாக இரண்டு மூன்று கூட்டமாகப் பிரிந்திருப்பார்கள். சண்டை கிடையாது, மனஸ்தாபம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே பங்கு என்று சமத்துவம் பார்த்ததில் வந்த பிரிவு இது. வருமானம் சமமாக இல்லாத நாட்டில், சாப்பாட்டு மேசையில் மட்டும் சமப் பங்கு கேட்டால் இப்படித்தான் ஆகும்.

டீக்கடைகளில் 'கடன் அன்பை முறிக்கும்' என்று எழுதி மாட்டியிருப்பார்கள். கடைக்காரருக்கு அது சரி, அவர் பாலுக்கும் சர்க்கரைக்கும் அன்றன்றைக்குப் பணம் கட்ட வேண்டியவர். நண்பர்களுக்குள் நிலைமை வேறு. மானுடவியலாளர் டேவிட் கிரேபர், கடனின் வரலாறு பற்றி 2011ல் வெளியிட்ட நூலில் நைஜீரியாவின் டிவ் மக்களைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். அவர்களிடையே வாழப் போன லாரா பொஹானன் என்ற ஆய்வாளர் வீட்டுக்கு அக்கம்பக்கத்துப் பெண்கள் சோளக்கதிர், தக்காளி, கோழி என்று கொண்டுவந்து தந்தார்கள். பதிலுக்கு ஏதாவது தர வேண்டும், ஆனால் சரியாக அதே மதிப்புக்குத் தரக்கூடாது, கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கச்சிதமாகத் திருப்பித் தந்தால், 'உன்னோடு இனி எனக்கு எந்தச் சங்காத்தமும் வேண்டாம்' என்று அர்த்தமாம்.

இதற்கு நைஜீரியா வரை போக வேண்டியதுகூட இல்லை. புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் மொய் விருந்து நடக்கிறது. கறிச்சோறு போடுவார்கள், சாப்பிட்டவர் மொய் எழுதுவார், நோட்டில் பெயரோடும் தொகையோடும் பதிவாகும். பணம் எண்ணும் இயந்திரம் வைக்கும் அளவுக்குத் தொகை சேர்வதும் உண்டு. இவ்வளவு கறாராகக் கணக்கு எழுதும் அந்த மக்கள்கூடக் கணக்கை முடிப்பதில்லை. பழைய மொய்யைத் திருப்பிச் செய்யும்போது அதற்கு மேல் புதிதாகக் கொஞ்சம் சேர்த்து வைக்கிறார்கள். அந்தக் கொஞ்சம்தான் அடுத்த விருந்துக்கு வரச் சொல்லும் அழைப்பு. மொய் நோட்டில் இருக்கும் அந்த இடைவெளி நம் வாட்ஸ்அப் கணக்கில் இல்லை.

ஒருவர் மற்றவருக்கு வாங்கித் தருவதைச் சட்டம் போட்டுத் தடுத்த நாடும் உண்டு. இங்கிலாந்தில் பப்புக்குப் போகும் நண்பர்கள் 'ரவுண்டு' வாங்குவார்கள். இந்த முறை எல்லாருக்கும் நான், அடுத்த முறை எல்லாருக்கும் நீ. முதல் உலகப் போர்க் காலத்தில், இந்த வழக்கத்தால் தொழிலாளர்கள் அளவுக்கு மீறிக் குடித்து ஆயுத உற்பத்தி கெடுகிறது என்று நினைத்த அரசு, 1915 அக்டோபரில் லண்டனில் ஒருவர் செலவில் இன்னொருவர் குடிக்கத் தடை விதித்தது. கணவன் மனைவிக்கு வாங்கித் தருவதும் குற்றமானது. சாப்பாட்டோடு சேர்த்து, அந்தச் சாப்பாட்டுக்குப் பணம் தருகிறவரே வாங்கித் தந்தால் மட்டும் விலக்கு. போர் முடிந்ததும் தடை போனது, ரவுண்டு திரும்பி வந்தது. அரசாங்கம் சட்டம் போட்டுச் செய்ததை நாம் இங்கே கட்டாயம் ஏதும் இல்லாமல் நமக்கு நாமே செய்துகொண்டிருக்கிறோம்.

 

மறுதரப்புக்கும் நியாயம் உண்டு. எப்போதும் ஒருவன் தலையிலேயே பில்லைக் கட்டிவிட்டு ஷூ லேஸ் கட்டக் குனிகிறவர்கள் எல்லாக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். ஆண் நண்பர் பணம் கொடுத்தால் அதற்கு வேறு அர்த்தம் கற்பிக்கப்படும் சூழலில், தன் பங்கைத் தானே கொடுத்துவிடுவது பெண்களுக்குப் பெரிய விடுதலை. செலவு பொதுவானால் கை நீளும் என்பதற்கும் சான்று உண்டு. இஸ்ரேலில் மாணவர்களை ரெஸ்டாரண்டில் உட்கார வைத்து நடத்திய ஓர் ஆய்வு 2004ல் வெளியானது. மொத்த பில்லைச் சமமாகப் பங்கிடுவோம் என்று சொன்னபோது, அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் என்றபோது ஆனதைவிட ஆளுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அதிகமாகச் செலவு வைத்தார்கள் என்று கண்டார்கள். ஆனால் அந்த மேசைகளில் உட்கார்ந்தவர்கள் ஒருவருக்கொருவர் பழக்கமில்லாதவர்கள். அடுத்த சனிக்கிழமையும் அதே முகத்தில் விழிக்க வேண்டும் என்ற எண்ணம் அவர்களுக்கு இருந்திருக்க வழியில்லை.

கைபேசியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒருவர் க்யூஆரில் கட்டிவிட்டு, பில்லைப் படம் எடுக்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் போதும். எனக்குத் தெரிந்த சில கூட்டங்கள் வேறொரு வழி வைத்திருக்கின்றன, குற்றாலம், கொடைக்கானல் என்று கிளம்பும்போது நம் பையன்கள் காலம்காலமாகச் செய்வதுதான் அது. கிளம்புவதற்கு முன்பே ஒருவனைப் பொருளாளர் ஆக்கிவிடுவார்கள். ஒவ்வொருவரும் முடிந்ததை அவனிடம் தனித்தனியாகக் கொடுத்துவிட வேண்டும். யார் எவ்வளவு தந்தான் என்பது அவன் ஒருவனுக்கு மட்டும்தான் தெரியும், அவன் வாயைத் திறக்கமாட்டான். பெட்ரோல், பரோட்டா, டீ எல்லாம் அந்தப் பொதுப் பணத்தில். சனிக்கிழமைச் சாப்பாட்டுக்கும் இதையே மாதத்துக்கு ஒருமுறை சேர்க்கிற நண்பர்கள் இருக்கிறார்கள். அங்கே வேலை போனவன் நூறு ரூபாய் கொடுத்திருப்பான், ஐடிக்காரன் இரண்டாயிரம் கொடுத்திருப்பான். கடைசித் துண்டு சுக்காவை எடுக்கச் சொல்லி இருவரையும் ஒரே மாதிரி திட்டுகிறார்கள். மாதக் கடைசியில் மிச்சம் இருந்தால் யாரும் திருப்பிக் கேட்பதில்லை, அடுத்த மாதத்துக்கு என்று பொருளாளரிடமே கிடக்கும். குறைந்தால் யார் போட்டான் என்று தெரியாமலே எவனோ போட்டுவிடுகிறான்.