மிதந்த மேடை... பூட்டிய கேட்! மியாமி மரைன் ஸ்டேடியம் எழுந்து வீழ்ந்த கதை

மேடை தண்ணீரில் மிதக்கும். ரசிகர்கள் கரையோர கான்கிரீட் கேலரியில் உட்கார்ந்திருப்பார்கள். டிக்கெட் வாங்காதவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. சொந்தப் படகில் வந்து, மேடைக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டபடி பாட்டுக் கேட்கலாம். மேடைக்குப் பின்னால் கடலும், அதற்கும் அப்பால் நகரத்தின் விளக்குகளும் தெரியும்.

தெப்பத் திருவிழாவைக் குளத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி சட்டென்று பிடிபடும். சாமிக்குப் பதில் பாடகர், குளத்துக்குப் பதில் கடல். அவ்வளவுதான் வித்தியாசம்!

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், மியாமி நகரை ஒட்டிய வர்ஜீனியா கீ என்ற தீவில் இருக்கிறது இந்த அரங்கம். பெயர், மியாமி மரைன் ஸ்டேடியம். 1963-ல் திறக்கப்பட்டது. 1992-ல் இழுத்துப் பூட்டப்பட்டது. பாட்டு ஒலித்தது 29 வருடங்கள். பூட்டுத் தொங்கியதோ அதைவிட அதிக காலம். இவ்வளவு அழகான அரங்கத்துக்கு என்னதான் ஆனது?

28 வயதில் ஒரு கனவு

1960-களின் தொடக்கம். கியூபாவில் ஆட்சி மாறியதும் ஆயிரக்கணக்கானவர்கள் நாட்டைவிட்டுக் கிளம்பி மியாமியில் வந்து இறங்கினார்கள். அப்படி வந்தவர்களில் ஒருவர் ஹிலாரியோ கண்டேலா. ஹவானாவில் பிறந்து, அமெரிக்காவின் ஜார்ஜியா டெக்கில் கட்டடக்கலை படித்தவர். மியாமியில் ஒரு கட்டடக்கலை நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த அவர் கைக்கு வந்ததுதான் இந்த அரங்கம். அப்போது அவருக்கு வயது 28.

நகர நிர்வாகம் முதலில் கேட்டது கச்சேரி மேடையை அல்ல. அதிவேக மோட்டார் படகுப் பந்தயம் அப்போது அங்கே பெரிய கிரேஸ். அதை உட்கார்ந்து பார்க்க ஒரு கேலரி வேண்டும் என்பதுதான் தேவை. அமெரிக்காவில் படகுப் பந்தயத்துக்கென்றே கட்டப்பட்ட முதல் அரங்கம் என்று இதைச் சொல்கிறார்கள்.

கண்டேலா கேலரியோடு நிறுத்தவில்லை. 6,566 பேர் உட்காரும் படிக்கட்டு இருக்கைகளுக்கு மேல், 326 அடி நீளத்துக்கு ஒரு கான்கிரீட் கூரையைப் பறக்கவிட்டார். ஐந்து கிரிக்கெட் பிட்ச்களை வரிசையாக வைத்தால் என்ன நீளமோ, கிட்டத்தட்ட அவ்வளவு!

பேப்பர் விசிறி டெக்னிக்

அந்தக் கூரையில்தான் விஷயமே இருக்கிறது. முன்பக்கம் ஒரு தூண்கூட கிடையாது. எந்த வரிசையில் உட்கார்ந்தாலும் பார்வையை மறைக்க எதுவும் இல்லை. சாய்வான எட்டுப் பெரிய தூண்கள் மட்டும் பின்னுக்குத் தள்ளி நிற்கின்றன. அவற்றைப் பிடித்துக்கொண்டு, கூரை தண்ணீரை நோக்கி சுமார் 65 அடி அந்தரத்தில் நீள்கிறது. அது ஏறக்குறைய ஒரு கிரிக்கெட் பிட்ச்சின் நீளம். கட்டப்பட்ட காலத்தில், இப்படி அந்தரத்தில் நிற்கும் கான்கிரீட் கூரைகளில் உலகிலேயே நீளமானது இதுதான் என்று பெயர் வாங்கியது.

கீழே விழாமல் எப்படி நிற்கிறது? ஒரு பேப்பரை எடுத்து ஒரு ஓரத்தை மட்டும் பிடித்துப் பாருங்கள். மறுமுனை தொங்கிவிடும். அதே பேப்பரை விசிறிபோல மடித்துப் பிடியுங்கள். விறைப்பாக நிற்கும். பேப்பரின் கனம் கூடவில்லை, மடிப்புதான் பலம் கொடுத்தது. மரைன் ஸ்டேடியத்தின் கூரையும் அப்படித்தான், மடித்து மடித்து வார்க்கப்பட்ட கான்கிரீட் தகடு. பக்கவாட்டிலிருந்து பார்த்தால், பறக்க எழும் கடல் பறவையின் சிறகுபோல இருக்கும்.

பந்தயத்திலிருந்து பாட்டுக்கு...

1963 டிசம்பரில் அரங்கம் திறக்கப்பட்டது. தொடக்கமே சோகம். திறப்பு விழாப் பந்தயத்தில் ஒரு படகோட்டி விபத்தில் உயிரிழந்தார். ஆனாலும் பந்தயங்கள் தொடர்ந்தன, கூட்டமும் கூடியது. எல்விஸ் பிரெஸ்லி நடித்து 1967-ல் வந்த 'கிளாம்பேக்' படத்தில் இந்த அரங்கமும் இடம்பிடித்தது.

பந்தயம் இல்லாத நாள்களில் என்ன செய்வது என்ற கேள்விக்குப் பதிலாக வந்ததுதான் மிதக்கும் மேடை. தண்ணீரில் ஒரு மிதவையை நிறுத்தி, அதன்மேல் மேடை போட்டு, கேலரியைப் பார்த்தபடி கச்சேரி. பாப், ஜாஸ், ஆர்கெஸ்ட்ரா, லத்தீன் இசை என எல்லாம் ஒலித்தன. ரே சார்ல்ஸ் பாடினார். பாஸ்டன் பாப்ஸ் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. மிதக்கும் மேடையில் குத்துச்சண்டைகூட நடந்தது. ஈஸ்டர் அன்று விடியற்காலையில் கடலிலிருந்து சூரியன் எழ, இங்கே பிரார்த்தனைக் கூட்டம் நடக்கும்.

பாடகர் ஜிம்மி பஃபெட் 1985-ல் இங்கே நடத்திய கச்சேரி வீடியோவாகவும் வெளிவந்தது. அரங்கம் உச்சத்தில் இருந்தபோது எப்படி இருந்தது என்பதற்கு இன்றைக்கும் சாட்சி அந்த வீடியோதான். கேலரி நிறைய ரசிகர்கள், தண்ணீர் நிறையப் படகுகள்!

தீவு பார்த்த இரண்டு காட்சிகள்

இந்தத் தீவுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. நிறவெறிச் சட்டங்கள் நடைமுறையில் இருந்த காலத்தில், மியாமி வட்டாரத்துக் கடற்கரைகளில் கறுப்பின மக்கள் குளிக்க அனுமதி இல்லை. 1945-ல் சிலர் துணிந்து, தடை இருந்த கடற்கரையில் இறங்கிக் குளித்துப் போராடினார்கள். அதன்பிறகுதான் கறுப்பின மக்களுக்கென ஒரு கடற்கரை ஒதுக்கப்பட்டது. அது இருந்த இடம் இதே வர்ஜீனியா கீ தீவு.

அடுத்த காட்சி, 1972 ஆகஸ்ட். குடியரசுக் கட்சியின் தேசிய மாநாடு மியாமி பீச்சில் நடந்துகொண்டிருந்தது. மரைன் ஸ்டேடியத்தில் இளைஞர் கூட்டம். மேடையில் அதிபர் ரிச்சர்ட் நிக்சன். புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர் சாமி டேவிஸ் ஜூனியர் அவரைப் பின்னாலிருந்து கட்டிப்பிடித்தார். அந்தப் புகைப்படம் நாடு முழுக்கப் பரவியது. அதற்காகத் தன் சமூகத்தினரிடமிருந்தே கடும் விமர்சனத்தைச் சந்தித்தார் சாமி டேவிஸ். ஒரே தீவு, இடையில் 27 ஆண்டுகள். பாட்டுக்கு மட்டுமல்ல, அமெரிக்க அரசியலுக்கும் மேடையாக இருந்திருக்கிறது இந்த இடம்.

புயல் ஒரு சாக்கு?

1980-களில் மியாமியில் புதிய அரங்கங்கள் வரத்தொடங்கின. 1988-ல் திறக்கப்பட்ட மியாமி அரீனா மூடிய அரங்கம். மழை பெய்தாலும் கச்சேரி நிற்காது. நிகழ்ச்சி நடத்துபவர்கள் கணக்குப் பார்ப்பவர்கள் அல்லவா? திறந்தவெளி என்றால் மழை ஒரு ரிஸ்க், காற்று ஒரு ரிஸ்க். மேடை தண்ணீரில் மிதக்கிறது என்றால், ஸ்பீக்கர் முதல் பியானோ வரை எல்லாவற்றையும் தண்ணீர் தாண்டிக் கொண்டுபோக வேண்டும். ரசிகனுக்கு எது அழகோ, அதுவே ஏற்பாட்டாளருக்குச் செலவு.

1992 ஆகஸ்ட் 24. ஆண்ட்ரூ புயல் தெற்கு ஃபுளோரிடாவைப் புரட்டிப்போட்டது. அமெரிக்க வரலாற்றின் மிக மோசமான புயல்களில் ஒன்று அது. புயலுக்குப் பிறகு, பாதுகாப்பு இல்லை என்று சொல்லி மரைன் ஸ்டேடியத்தை நகர நிர்வாகம் மூடியது.

திருப்பம் இனிமேல்தான். பிறகு பொறியாளர்கள் ஆய்வு செய்தபோது, கட்டடத்தின் அடிப்படை அமைப்பு உறுதியாகவே இருப்பது தெரியவந்தது. அந்தரத்தில் நின்ற அந்தக் கூரை, ஆண்ட்ரூவைத் தாங்கி நின்றிருந்தது! ஆனாலும் கேட் திறக்கவில்லை. பழுதுபார்க்கப் பணம் வேண்டும். திறந்தால் நடத்த ஆள் வேண்டும். பூட்டிவைத்தால் இரண்டும் வேண்டாம். புயல் சில மணி நேரத்தில் செய்ய முடியாததை, பூட்டு மெல்ல மெல்லச் செய்யத் தொடங்கியது.

கடலோரக் கான்கிரீட்டுக்குப் பெரிய எதிரி உப்பு. உப்புக் காற்றும் ஈரமும் மெல்ல உள்ளே இறங்கி, கம்பியைத் தொடும். கம்பி துருப்பிடிக்கும். துரு, இரும்பைவிட அதிக இடத்தை அடைக்கும். அதனால் கான்கிரீட் உள்ளிருந்தே வெடித்து, பெயர்ந்து விழும். கடற்கரையோரம் வீடு வைத்திருப்பவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. ஆரம்பத்திலேயே கவனித்தால் சின்னச் செலவு. ஆண்டுக்கணக்கில் விட்டால் கோடிகள்.

பெயின்ட் டப்பாக்களோடு வந்த புது விருந்தாளிகள்

பூட்டிய அரங்கம் காலியாகவே இருக்கவில்லை. வேலி ஏறிக் குதித்து வந்தார்கள் கிராஃபிட்டி ஓவியர்கள். படிக்கட்டு, தூண், சுவர் என ஓரிடம் விடாமல் ஸ்ப்ரே பெயின்ட். ஒருவர் வரைந்ததன்மேல் இன்னொருவர், அதன்மேல் மற்றொருவர். ஸ்கேட்போர்டு பையன்களும் புகைப்படக்காரர்களும் தேடி வரும் இடமானது.

சிலருக்கு இது நாசம். சிலருக்கு இது கலை. எப்படிப் பார்த்தாலும் ஒன்று உண்மை. நகர நிர்வாகம் மறந்துபோன அரங்கத்தை, புதிய தலைமுறை ஒன்று மறக்காமல் இருந்ததற்கு அந்த ஓவியங்களும் காரணம். கச்சேரியைப் பார்த்தே இராதவர்கள்கூட அரங்கத்தின் படத்தைப் பார்த்து, 'இது எந்த இடம்?' என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

களமிறங்கிய கண்டேலா

கடற்கரை நிலம் என்றால் விலை சொல்லவா வேண்டும்? 2000-களின் பிற்பகுதியில், தீவை எப்படி மாற்றலாம் என்ற திட்டங்கள் பேசப்பட்டபோது, அரங்கம் இருக்குமா, இடிக்கப்படுமா என்பதே கேள்வியானது.

2008-ல் 'மியாமி மரைன் ஸ்டேடியத்தின் நண்பர்கள்' என்ற குழு உருவானது. அதில் முன்னால் நின்றவர்களில் ஒருவர், 28 வயதில் இதை வரைந்த அதே ஹிலாரியோ கண்டேலா. இப்போது எழுபதுகளில் இருந்தார். பெற்ற பிள்ளைக்காகப் படியேறுவதுபோல கூட்டம் கூட்டமாகப் போய்ப் பேசினார்.

அடுத்தடுத்துப் பலன் கிடைத்தது. 2008-லேயே வரலாற்றுச் சின்னமாக உள்ளூர் அங்கீகாரம். 2009-ல், அழியும் அபாயத்தில் உள்ள அமெரிக்காவின் 11 இடங்கள் பட்டியலில் இடம். அடுத்து உலக நினைவுச்சின்ன நிதியத்தின் 2010-ம் ஆண்டுக் கண்காணிப்புப் பட்டியல். பிரபல பாடகி குளோரியா எஸ்டெஃபான் குரல் கொடுக்க வந்தார். அவரும் ஹவானாவில் பிறந்து மியாமியில் வளர்ந்தவர்தான். 2018-ல் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டிலும் பெயர் ஏறியது.

பணம்? 2016-ல் சீரமைப்புக்காக 4.5 கோடி டாலர் வரை கடன் பத்திரம் மூலம் திரட்ட நகர மன்றம் ஒப்புதல் கொடுத்தது. அதே வருடம் அரங்கத்தை ஒட்டிய இடத்துக்கு மியாமியின் சர்வதேசப் படகுக் கண்காட்சி வந்தது. கூரைக்குப் பக்கத்திலேயே கூட்டம் அலைமோதியது. கூரைக்குக் கீழே மட்டும் ஆள் இல்லை.

ஒப்புதல் வேறு, வேலை முடிவது வேறு. யார் நடத்துவது, எவ்வளவு சத்தத்துக்கு அனுமதி, கார்களை எங்கே நிறுத்துவது, ஒரே பாலத்தை நம்பியிருக்கும் தீவு மக்கள் கச்சேரி நாளில் எப்படி வீட்டுக்குப் போவது... கேள்விகள் நீண்டன, வருடங்கள் ஓடின, செலவுக் கணக்கும் ஏறியது.

2022 ஜனவரியில் கொரோனா தொற்றால் கண்டேலா காலமானார். வயது 87. தான் வரைந்த கூரைக்குக் கீழே மறுபடி ஒரு கச்சேரியைக் கேட்க வேண்டும் என்பதற்காகக் கடைசி 14 ஆண்டுகளைச் செலவிட்டவர், அதைக் கேட்காமலே போய்விட்டார்.

இடிப்பது மட்டும்தான் அழிவா?

ஒரு பொது இடத்தை அழிக்க புல்டோசர் வேண்டும் என்று நினைக்கிறோம். மரைன் ஸ்டேடியம் சொல்வது வேறு. 'தற்காலிகமாக மூடப்பட்டுள்ளது' என்று ஒரு போர்டு போதும். மூடிய இடத்துக்கு வருமானம் இல்லை. வருமானம் இல்லாத இடத்துக்குப் பராமரிப்பு இல்லை. பராமரிப்பு இல்லாத இடம் பழுதாகும். பழுதானதைக் காட்டியே, 'இதைத் திறக்க முடியாது' என்பார்கள். இந்தச் சுற்றிலிருந்து வெளியே வர ஒரு கட்டடத்துக்கு ஊரே சேர்ந்து கை கொடுக்க வேண்டியிருக்கிறது.

அதேசமயம், எல்லோரும் சேர்ந்து பாட்டுக் கேட்ட இடத்தை மக்கள் அத்தனை எளிதில் கைவிடுவதில்லை என்பதும் இந்தக் கதையில் இருக்கிறது. 'எனக்கு டிக்கெட் வாங்கக் காசில்லை, அதனால் படகில் வந்து கேட்டேன்' என்று ஒரு தாத்தா பேரனிடம் சொல்ல முடிகிற அரங்கம், வெறும் கான்கிரீட் அல்லவே!

உங்கள் ஊரிலும் ஒரு காலத்தில் பாட்டும் கூத்துமாக இருந்து, இப்போது பூட்டிக்கிடக்கும் திறந்தவெளி அரங்கம் இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அங்கே கடைசியாக அவர்கள் கேட்ட பாட்டு எது என்று!