குட்டி யானைக்குக் காய்ச்சல்

பழைய டீசல் வண்டிக்குச் சாவே கிடையாது என்று ஒரு பேச்சு உண்டு. ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையிலோ காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலோ விடியற்காலையில் போய் நின்றால் அது மெய்தான் என்று தோன்றும். பெயின்ட் உதிர்ந்து, கதவுக்குக் கயிறு கட்டி, பம்பர் இருந்த இடத்தில் இரும்பு ஆங்கிளைப் பற்றவைத்த டாடா 207-களும், பொலேரோ பிக்கப்புகளும், முதல் தலைமுறை டாடா ஏஸ்களும் பாரம் ஏற்றிக்கொண்டு நிற்கும். யாராவது ஒரு டிரைவரிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். போன மாசம் கிளட்ச் பிளேட், அதற்கு முன்னால் செல்ஃப் மோட்டார், தீபாவளிக்கு முதல் நாள் ரேடியேட்டர் என்று பட்டியல் நீளும். சாவில்லாத வண்டிகளுக்கு நோய் மட்டும் ஏராளம். ஆனால் ஒன்று, இவை முன்கூட்டியே சொல்லிவிட்டுக் கெடும். இன்னொன்று, நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டறைக்காரரின் கைக்கு எட்டுகிற இடத்தில் கெடும். இவற்றின் பேர் நிலைத்திருப்பது இந்த இரண்டால்தான்.

2005-ல் வந்த டாடா ஏஸைத் தமிழ்நாடு குட்டி யானை என்றே கூப்பிடுகிறது. இரண்டே சிலிண்டர், 702 சிசி, 16 குதிரைத்திறன். இண்டிகா காரின் நாலு சிலிண்டர் டீசல் இன்ஜினைப் பாதியாக்கினால் வருகிற அளவு. ஏற்றச் சொன்ன பாரம் 750 கிலோ. இருபது லிட்டர் தண்ணீர் கேன் 37 ஏற்றினால் தண்ணீரின் எடையே 740 கிலோ ஆகிவிடுகிறது. செங்கல் என்றால், கல் ஒன்றுக்கு 3 கிலோ வைத்துக்கொண்டால் 250 கல். உங்கள் தெருவுக்கு வருகிற தண்ணீர் வண்டியில் எத்தனை கேன் இருக்கிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். இந்த வண்டிக்கு வரும் வியாதிகளில் பாதிக்குக் காரணம் அங்கேயே தெரிந்துவிடும்.

மீதிப் பாதிக்குக் காரணம் சூடு. பழைய பிக்கப்பில் பெரிய செலவு என்று வருகிற எதையும் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனால், பெரும்பாலும் ஓர் அற்பப் பொருளில் போய் நிற்கும். ரேடியேட்டர் மூடியை எடுத்துக்கொள்வோம். அதை வெறும் மூடி என்று நினைப்பவர்கள் அதிகம். உள்ளே ஸ்பிரிங்கும் ரப்பர் வாஷரும் இருக்கின்றன. அவைதான் தண்ணீரை அழுத்தத்தில் வைத்திருக்கின்றன. ஒரு பார் அளவு அழுத்தம் கூடினால் தண்ணீர் கொதிப்பதற்கு 100 டிகிரி போதாது, 120 வரை போக வேண்டும். ரப்பர் வெடித்துவிட்டால் அந்த இருபது டிகிரி இடைவெளி போய்விடும். பாரத்தோடு மேடு ஏறும்போது சிலிண்டர் ஹெட்டுக்குள் தண்ணீர் கொதித்து நீராவியாகும். நீராவி நிற்கிற இடத்தில் இரும்பு குளிராது. ஹெட் வளையும், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே இருக்கிற கேஸ்கட் போகும். சில நூறு ரூபாய் மூடியை மாற்றாமல் விட்டதற்கு ஹெட்டை இறக்குகிற வேலை.

தண்ணீர் இன்னொரு விஷயம். வழியில் எங்கே குழாய் கண்டாலும் பிடித்து ஊற்றுவது நம் ஊர்ப் பழக்கம். உப்புப் படிகிற போர்த் தண்ணீரை வருஷக்கணக்கில் ஊற்றினால், ரேடியேட்டர் குழல்களுக்குள்ளும் பிளாக்கின் நீர்ப்பாதைகளிலும் சுண்ணாம்பு அடைத்துக்கொள்ளும். குடத்து அடியில் படிகிற அதே சுண்ணாம்புதான். கூலண்ட் விலை அதிகம் என்று சொல்கிறவர்கள், ரேடியேட்டரைக் கழற்றிக் குழல்களில் ராடு விட்டு அடைப்பு எடுக்க என்ன கேட்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுச் சொல்லட்டும்.

சூடு ஏறுகிறது என்று பட்டறைக்குப் போனால் முதல் வைத்தியமாகத் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவார்கள். நம் வெயிலுக்கு அது எதற்கு என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடே கிடையாது. தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் சரியான சூட்டுக்கு வர நேரம் பிடிக்கும், அதுவரை டீசல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சுவர் தேயும். சில இன்ஜின்களில் அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்கு வழியில் சுற்றிவிடும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டைக் கூட்டும். அடைத்துக்கொண்ட ரேடியேட்டரைப் பார்க்காமல் விடுவதற்கு இது ஒரு சாக்கு, அவ்வளவுதான்.

மீட்டரில் முள் கீழே இருக்கிறதே என்று நம்பி ஓட்டுகிறவர்களும் உண்டு. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் கொட்டிப்போனால் சென்சார் காற்றில் தொங்கும். அப்போது முள் ஏறாமல் இறங்கவும் கூடும். இழுவை திடீரென்று குறைந்து, வெந்த வாடை வந்தால் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்காமல் ஓரம் கட்ட வேண்டும். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது, பச்சைத் தண்ணீரை ஊற்றவும் கூடாது. முதலாவது முகத்தை வேக வைக்கும், இரண்டாவது ஹெட்டை வெடிக்க வைக்கும்.

கேஸ்கட் போனதற்கு அறிகுறிகள் ஒளிவுமறைவாக இருக்காது. ஸ்டார்ட் செய்த உடனே ரேடியேட்டரில் குமிழி வரும், வெள்ளைப் புகை நிற்காது, ஆயில் பால் கலந்த காபி நிறத்துக்கு மாறும். ஹெட்டைக் கழற்றினால் லேத்துக்கு அனுப்பி மட்டம் பார்த்து ஃபேஸிங் பிடித்துத்தான் திருப்பிப் பூட்ட வேண்டும். போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, டார்க் ரெஞ்சால், படிப்படியாக இறுக்க வேண்டும். கைப்பதமே போதும் என்று ஃபேஸிங்கும் இல்லாமல் பூட்டிய வண்டி அதே வேலைக்குத் திரும்பவும் வரும்.

அடுத்தது டீசல். மெக்கானிக்கல் பம்பு வைத்த பழைய வண்டியில் டீசல்தான் எரிபொருள், அதுவே பம்புக்கு மசகும்கூட. பம்பின் பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் நடுவே சில மைக்ரான் இடைவெளிதான். அங்கே தண்ணீர் புகுந்தால் துரு, மண் புகுந்தால் கீறல். இதைத் தடுக்கத்தான் ஃபில்டரின் அடியில் ஒரு வடிகால் திருகு வைத்திருக்கிறார்கள். அதைத் திருகித் தேங்கிய தண்ணீரை விட ஐந்து நிமிஷம் ஆகாது. கேனில் வாங்கி வைத்த டீசல், மழைக்காலத்தில் பாதி டேங்கோடு நிற்கிற வண்டி, மூடி தொலைந்து துணி சுருட்டி அடைத்த டேங்க் என்று தண்ணீர் வர வழி பல.

டீசல் தீரத் தீர ஓட்டினால் வருவது ஏர் லாக். பெட்ரோல் வண்டிபோல ஊற்றிய உடனே கிளம்பாது. ஹேண்ட் பிரைமரை அமுக்கி அமுக்கி, திருகைத் தளர்த்தி, நுரை நின்று சுத்தமான டீசல் வரும்வரை காற்றை வெளியேற்ற வேண்டும். சாலையோரத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு டிரைவர்களே செய்துகொள்கிற வேலை இது. டீசல் தீராமலே அடிக்கடி ஏர் லாக் ஆனால், எங்கோ ஒரு வாஷரோ ரப்பர் ஹோஸோ காற்றை இழுக்கிறது என்று அர்த்தம்.

பம்பும், டீசலைச் சிலிண்டருக்குள் பீச்சுகிற நாசிலும் தனிப் படிப்பு. இதற்கென்றே கடைகள் இருக்கின்றன. 1951-ல் தொடங்கிய மைக்கோ 2008-லேயே பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிவிட்டது. பட்டறைப் பேச்சில் இன்னமும் மைக்கோ பம்புதான். டெஸ்ட் பெஞ்சில் ஏற்றி ஒவ்வொரு சிலிண்டருக்கும் போகிற அளவைச் சமப்படுத்துவார்கள். இங்கேதான் ஒரு சபலமும் நடக்கிறது. இழுவை போதவில்லை என்று ஓனர் கேட்பார், பம்பில் டீசல் அளவைக் கொஞ்சம் ஏற்றிவிடச் சொல்வார். வண்டி இழுக்கும், கூடவே கரும்புகை தள்ளும். எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவும், பிஸ்டன் தலை அளவுக்கு மீறிச் சுடும். மறுபடியும் சூட்டில்தான் வந்து நிற்கிறோம்.

புகையின் நிறத்தை வைத்துக் கொஞ்சம் கணிக்கலாம். கறுப்பு என்றால் காற்று போதவில்லை அல்லது டீசல் அதிகம். முதலில் ஏர் ஃபில்டரைத் தட்டிப் பார்க்க வேண்டும். நீலம் என்றால் ஆயில் எரிகிறது. ரிங், வால்வ் சீல் அல்லது டர்போ. காலையில் மட்டும் வெள்ளையாக வந்து சூடானதும் நின்றுவிட்டால், க்ளோ பிளக்கைச் சந்தேகப்படலாம். சமவெளி வெயிலில் க்ளோ பிளக் செத்துப்போனதே தெரியாமல் பல வருஷம் ஓடிவிடும். ஊட்டியில் இராத் தங்கிவிட்டு விடியலில் சாவியைத் திருப்பும்போதுதான் தெரியவரும்.

மலை என்றதும் பிரேக்கைச் சொல்லாமல் விட முடியாது. பெட்ரோல் இன்ஜினில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வெற்றிடம் காற்று உள்ளே போகும் வழியிலேயே கிடைத்துவிடும். டீசலில் அது கிடைக்காது, தனியாக ஒரு வேக்வம் பம்பு வேண்டும். நம் ஊர்ப் பழைய டீசல் வண்டிகள் பலவற்றில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே உட்கார்ந்திருக்கும். சீல் தேய்ந்தால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் கசியும். சார்ஜ் குறைகிறது என்று பேட்டரியை மாற்றுவார்கள். அந்த நேரத்தில் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகத் தொடங்கியிருந்தால் இரண்டும் ஒரே வியாதி. இதைக் கவனிக்காமல் எழுபது கொண்டை ஊசி வளைவு உள்ள கொல்லிமலையிலிருந்து பாரத்தோடு இறங்குவது தைரியம் ஆகாது. எந்தக் கியரில் ஏறினோமோ அதிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது, பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும் என்பதால்தான்.

கீழ்ப்பக்கத்துக் கோளாறுகளில் பெரிய மர்மம் இல்லை. கமான் பட்டை உடையும், ஷேக்கிள் புஷ் தேயும், புரொப்பெல்லர் ஷாஃப்ட் கிராஸ் டக் டக்கென்று சத்தம் கொடுக்கும். பட்டை உடைகிறதே என்று கூடுதலாக இரண்டு பட்டை சேர்ப்பவர்களுக்கு ஒன்று தெரிய வேண்டும்: பட்டை தாங்கிக்கொள்ளும், ஆனால் சேஸிஸுக்கும் ஆக்சிலுக்கும் பிரேக்குக்கும் வலு ஏறவில்லை. அடுத்த விரிசல் சேஸிஸில் விழும்.

2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 4 புகை விதி வந்தபின், எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகிற காமன் ரயில் இன்ஜின்கள் பரவலாயின. ஓசூரில் தயாரான அசோக் லேலண்ட் தோஸ்த் 2011-லேயே மூன்று சிலிண்டர் காமன் ரயிலோடு வந்துவிட்டது. அவையும் இப்போது பழைய வண்டிகள். காமன் ரயில் உழைக்காது என்கிறவர்கள் பேச்சை நான் ஏற்கமாட்டேன். புகை குறைவு, மைலேஜ் அதிகம், இழுவையும் நன்று. அது மன்னிக்காதது அழுக்கு டீசலைத்தான். பழைய நாசில் 200 பாருக்கு அக்கம்பக்கத்தில் திறக்கும். ரயிலில் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். பழைய நாசிலில் கோளாறு வந்தால் புகையும், தட்டும், வாரக்கணக்கில் முனகும். காமன் ரயிலில் சென்சார் ஒன்று போனாலே வண்டி நடுரோட்டில் நின்றுவிடலாம், ஸ்கேனர் இருக்கும் இடத்துக்குக் கட்டி இழுக்க வேண்டியதுதான்.

பட்டறைப் பையன்களுக்கு ஓர் எச்சரிக்கை இங்கே அவசியம். எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று பார்க்க, ஓடுகிற இன்ஜினில் நாசில் பைப் நட்டைத் தளர்த்துவது பழைய உத்தி. காமன் ரயிலில் அதைச் செய்தால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்க ஊசி குத்திய புள்ளி மாதிரி இருக்கும், வலிகூடப் பெரிதாக இருக்காது. உடனே ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் விரலையோ கையையோ எடுக்க நேரிடும்.

பழைய பிக்கப் வாங்கப் போகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் காலையில் போவது நல்லது. முதலில் இன்ஜினைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடலாம். ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். புகை குபுகுபுவென்று அடித்தால் ரிங், லைனர் வேலை காத்திருக்கிறது. டைமிங் பெல்ட் உள்ள இன்ஜினில், பெல்ட் எப்போது மாற்றியது என்பதற்கு பில் இல்லை என்றால் மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். ஓடும்போது அறுந்தால் வால்வுகள் வளைந்துவிடும். மீன் ஏற்றிய வண்டி என்றால் சுத்தியலோடு அடியில் படுத்து சேஸிஸைத் தட்ட வேண்டும், பிரேக் பைப்புகளைக் கையால் தடவ வேண்டும். ஐஸ் உருகிய உப்புத் தண்ணீர் வருஷக்கணக்கில் அங்கேதான் வடிந்திருக்கிறது. எட்டு வருஷம் தாண்டிய வண்டிக்கு ஆண்டுதோறும் எஃப்.சி. காட்ட வேண்டும் என்பதால், அது எந்த மாசம் முடிகிறது என்பதையும், ஆர்.சி.யில் பைனான்ஸ் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டே அட்வான்ஸ் கொடுங்கள்.