ரெம் வாங்கும் முன் ஒரு கணம் சிந்தியுங்கள்

புறக்கோட்டையில் இரு மாடிகளில் இயங்கும் துணிக்கடை ஒன்றை எடுத்துக் கொள்வோம். ஒவ்வொரு மாடியிலும் ஒரு விற்பனையாளர், அவரருகில் ஒரு களஞ்சியம். தனது மாடியிலுள்ள துணியை அவர் உடனே எடுத்துக் கொடுப்பார். மற்ற மாடிக்கு ஏறி இறங்க நேர்ந்தால் வாடிக்கையாளர் காத்திருக்க வேண்டியதுதான்.

இரண்டு புரோசசர்கள் பொருத்தப்பட்ட சேர்வர் கணினிகளின் நிலையும் இதுவே. 2003இல் வெளியான ஏஎம்டியின் ஒப்டெரோன், 2009இல் வெளியான இன்டெலின் சியோன் 5500 வரிசை ஆகியவற்றில் நினைவகக் கட்டுப்பாடு புரோசசருக்குள்ளேயே அமைந்தது. எனவே 64 ஜிபி நினைவகம் என்பது புரோசசருக்கு 32 ஜிபி வீதம் இரு பிரிவுகளாகவே இருக்கும். ஒவ்வொரு பிரிவும் ‘நோட்’ எனப்படும். தன் பக்கத்து நினைவகத்தை அடைவது விரைவு. மறுபக்கத்தை அடையத் தாமதமாகும். இவ்வமைப்பையே ‘நியூமா’ என்கின்றனர்.

எந்த வேலைக்கு எந்த நோட்டில் இடம் கொடுப்பது என்பதைத் தீர்மானிப்பது லினக்ஸின் மையப் பகுதியான கேர்னல் ஆகும். அதன் வழமையான கொள்கை எளிமையானது. நினைவகத்தின் ஒரு பகுதியை முதலில் தொடும் வேலை எந்தப் புரோசசரில் ஓடுகின்றதோ, அதன் அருகிலேயே இடம் வழங்கப்படும். அங்கு இடமில்லாவிட்டால் மறுபக்கம் தேடப்படும். சிறிய வேலைகளுக்கு இது மிகவும் பொருத்தமானது.

பெரிய தரவுத்தளங்களிலேயே சிக்கல் எழுகின்றது. 48 ஜிபி கேட்கும் மைஎஸ்கியூஎல், ஒரே பக்கத்திலிருந்து நிரப்பத் தொடங்கினால் முதல் நோட் முற்றாக நிரம்பிவிடும். இரண்டாவதில் பாதி மீதமிருக்கும். பின்னர் முதல் நோட்டிலேயே இடம் தேவைப்படும்போது, அங்குள்ள தரவுகளைக் கேர்னல் வன்தட்டுக்கு அனுப்பத் தொடங்கலாம். மேல்மாடி பாதி காலியாக இருக்க, துணிக்கட்டுகளை லொறியில் ஏற்றி வத்தளைக்கு அனுப்புவது போன்றது இது. சேர்வர் திணறும். 2010இல் தரவுத்தள நிபுணர் ஜெரமி கோல் இதனை விரிவாக விளக்கினார்.

இதற்குப் பரிகாரம் ‘இன்டர்லீவ்’ கொள்கையாகும். இதன்படி நினைவகம் இரு நோட்களிலிருந்தும் மாறி மாறி வழங்கப்படும். சராசரி வேகம் சற்றுக் குறையலாம். ஆனால் ஒரு பக்கம் மட்டும் நிரம்பி வழியாது. 2015இல் மைஎஸ்கியூஎல்லிலேயே இதற்கான வசதி சேர்க்கப்பட்டது. மாறாக, ஒரே நோட்டுக்குள் அடங்கும் வேலையாயின் அதனை அங்கேயே கட்டி வைப்பது நன்று.

ஒரே புரோசசருள்ள சாதாரண கடைக் கணினிகளுக்குப் பொதுவாக இப்பிரச்சினை இல்லை. ஆனால் உங்கள் நிறுவனத்தின் பெரிய சேர்வர் அடிக்கடி திணறுவதாகவும், மேலும் ரெம் வாங்க வேண்டுமெனவும் எவரேனும் கூறினால், முதலில் ‘நியூமாஸ்டாட்’ கட்டளையை இயக்கி ஒவ்வொரு நோட்டும் எவ்வளவு நிரம்பியுள்ளது எனக் காட்டுமாறு கேளுங்கள். ஒன்று நிரம்பி மற்றது காலியாக இருந்தால், மாற்ற வேண்டியது கொள்கையையே. வீண்விரயத்தை மார்க்கம் வெறுக்கின்றது. இருப்பதைச் சரியாகப் பங்கிடுவதும் வியாபாரத்தில் ஓர் இலாபமே.