ஜிம்முக்குப் பூட்டு... இனி எடையை எங்கே தூக்குவது? ஆலங்குடியிலிருந்து ஒரு கணக்கு!

குரு பகவானைத் தரிசிக்க பஸ் ஏறும் ஆலங்குடி அல்ல இது. அது திருவாரூர் மாவட்டம். நாம் பேசப்போவது புதுக்கோட்டையிலிருந்து கிழக்கே சுமார் 20 கி.மீ தள்ளியிருக்கும் ஆலங்குடி. தாலுகா தலைநகரம், பேரூராட்சி. சுற்றிலும் கீரமங்கலம் பூ, வடகாடு பலா, தென்னை, நிலக்கடலை. இப்படி ஓர் ஊரில் ஜிம் வைத்துப் பிழைக்க முடியுமா?

சின்ன ஊர் ஜிம்களின் கதை உங்களுக்கும் தெரிந்ததுதான். மெயின் ரோட்டில், கடைகளுக்கு மேல் மாடியில் ஒரு ஹால். வாசலில் வெளிநாட்டு பாடிபில்டர் படம் போட்ட ஃபிளெக்ஸ். முதல் மூன்று மாதம் பெஞ்சுக்கு வரிசை நிற்கும். அப்புறம் கூட்டம் மெல்லக் கரையும். ஒருநாள் அண்ணாந்து பார்த்தால், 'வாடகைக்கு விடப்படும்' போர்டு தொங்கும்.

ஏன்? ஒரு பேச்சுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதக் கட்டணம் 500 ரூபாய். 60 பேர் ஒழுங்காகக் கட்டினால் 30,000. ஹால் வாடகை 10,000, கரன்ட் பில் 5,000, பயிற்சியாளர் சம்பளம் 10,000. மிச்சம் 5,000. மெஷின் வாங்கிய கடனுக்குத் தவணை, அறுந்த கேபிள், கிழிந்த பெஞ்ச் எல்லாம் அதற்குள்தான். 60 பேர் 45 பேராகிவிட்டால் மாதம் 2,500 ரூபாய் கையைக் கடிக்கும்.

அந்த 15 பேர் எங்கே போகிறார்கள்? ஊரைவிட்டே போகிறார்கள். சின்ன ஊர் ஜிம் நம்பியிருப்பது பெரும்பாலும் 18 முதல் 25 வயது ஆண்களை. இந்தப் பக்கத்தில் அது ஊரில் தங்கும் வயசு இல்லை. படிக்கத் திருச்சி, வேலைக்குத் திருப்பூர், சென்னை, அதையும் தாண்டினால் சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா. ஊரில் இருந்துகொண்டு போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு வேண்டியது 1,500 மீட்டர் ஓட மைதானமும், ஏறிப் பழகக் கயிறும். இரண்டும் மாடி ஹாலில் கிடைக்காது.

வராதவர்கள் தரும் காசு

'சென்னையில் தெருவுக்கு ஒரு ஜிம் இருக்கிறதே' என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பெரிய பெயர்களும் சறுக்கியிருக்கின்றன. 1932-ல் மும்பையில் தொடங்கிய தல்வால்கர்ஸ், 2010-ல் பங்குச்சந்தைக்குப் போகும் அளவுக்கு வளர்ந்தது. 2019-ல் கடனுக்கு வட்டி கட்ட முடியாமல் தடுமாறி விழுந்தது. 1965-ல் கலிஃபோர்னியாவில் ஜோ கோல்டு தொடங்கிய 'கோல்ட்ஸ் ஜிம்', 2020 மே மாதம் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பிறகு ஒரு ஜெர்மன் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது.

இந்தத் தொழிலின் சூட்சுமத்தை 2006-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு போட்டு உடைத்தது. டெல்லாவிக்னா, மால்மெண்டியர் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் ஜிம் வருகைப் பதிவேடுகளை அலசினார்கள். மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள், சராசரியாக மாதத்துக்கு நான்கு தடவைக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்திருக்கிறார்கள். அதாவது, ஒரு தடவைக்கு 17 டாலருக்கு மேல் செலவு. தடவைக்கு 10 டாலர் வீதம் பாஸ் வாங்கியிருந்தால் மிச்சம் பிடித்திருக்கலாம். ஆய்வுக் கட்டுரையின் தலைப்பே, 'ஜிம்முக்குப் போகாமலிருக்கக் காசு கட்டுவது' என்கிற அர்த்தத்தில்தான் இருக்கும்!

ஆக, கட்டிவிட்டு வராதவர்கள்தான் பெரிய ஜிம்களின் லாபம். வருஷக் கட்டணத்தை மொத்தமாக வாங்கும் நகரத்தில் இது செல்லும். ஆலங்குடி மாதிரி ஊரில் யார் வருஷக் கட்டணம் கட்டுகிறார்கள்? வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. அதிலும் பூ விலை இறங்கினாலோ, மழை ஏமாற்றினாலோ வீட்டு பட்ஜெட்டில் முதலில் வெட்டு விழுவது ஜிம் கட்டணத்துக்குத்தான். 2018 நவம்பரில் கஜா புயல் இந்தப் பகுதியின் தென்னையையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. நிமிர்வதற்குள் கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய ஜிம்களுக்கு தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 10-ல்தான் கதவு திறந்தது. அடுத்த வருஷம் மறுபடியும் பூட்டு. வாடகைக்கு ஏது ஊரடங்கு?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிம் கட்டணத்துக்கான ஜி.எஸ்.டி 18 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்தது. நல்ல செய்திதான். ஆனால், வருஷ வரவு 20 லட்சத்தைத் தொடாத சின்ன ஜிம் முன்பும் அந்த வரியை வசூலிக்கவில்லை, இப்போதும் இல்லை. அதற்கு இதனால் வந்ததும் இல்லை, போனதும் இல்லை.

எடை வீட்டைவிட்டுப் போன கதை

ஜிம் என்ற சொல் வருவதற்கு முன்பே நம்மிடம் எடை இருந்தது. தென்மாவட்டக் கிராமங்களில் கோயில் பக்கத்திலோ சாவடி ஓரத்திலோ கிடக்கும் இளவட்டக்கல்லைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உருண்டையான, பிடிமானமே இல்லாத கல். அதைத் தூக்கித் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போடுகிறவனுக்குத்தான் பெண் என்பார்கள். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் பொங்கலுக்குப் பொங்கல் இன்றும் அதைப் போட்டியாக நடத்துகிறார்கள். 45 கிலோவில் தொடங்கி 100 கிலோவைத் தாண்டும் கற்கள். பெண்களும் தூக்குகிறார்கள்.

புதுக்கோட்டைக்கும் இதில் பங்கு உண்டு. அந்தக் காலத்து சூப்பர் ஸ்டார் பி.யு.சின்னப்பாவின் பெயரில் இருக்கும் 'பி' புதுக்கோட்டைதான். சிலம்பமும் குஸ்தியும் பழகிய உடம்பு அவருடையது. இன்னொரு சின்னப்பா, தயாரிப்பாளர் சின்னப்பா தேவர். அவர் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்ட 'சாண்டோ', யூஜின் சாண்டோ என்ற ஐரோப்பிய பலசாலியின் பெயர். உங்கள் வீட்டுக் கொடியில் காயும் சாண்டோ பனியனும் அவர் கைங்கரியமே.

இதெல்லாம் ஆண்கள் கதை. பெண்கள் தூக்கிய எடைக்கு யாரும் போட்டி வைக்கவில்லை. இடுப்பில் தண்ணீர்க் குடம், திண்ணையில் அம்மி, முற்றத்தில் உரல், மாவுக்கு ஆட்டுக்கல். கிரைண்டரும் மிக்ஸியும் குழாயும் வந்து அந்தச் சுமையை இறக்கிவைத்தன. வரவேண்டியதுதான், வந்ததில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் இறக்கிவைத்த எடைக்குப் பதிலாக உடம்புக்கு வேறெதுவும் கொடுக்கவில்லை. அந்த இடத்தை நிரப்பியிருக்க வேண்டிய ஜிம்மோ, 20 வயசுப் பையனின் கைச்சதையை மட்டும் குறிவைத்தது. முழங்கால் வலிக்கும் 50 வயசு அம்மா, அந்த மாடிப்படி ஏறி உள்ளே போவதைக் கற்பனை செய்ய முடிகிறதா?

ஆனால் எடை அதிகம் தேவைப்படுவது அந்த அம்மாவுக்குத்தான். நடுவயதைத் தாண்டினால் தசை ஆண்டுக்கு ஆண்டு கரையும். தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியாமல்போவது அதன் அறிகுறிகளில் ஒன்று. பிறகு ஒருநாள் பாத்ரூமில் வழுக்கினால் இடுப்பெலும்பு. சர்க்கரை விஷயமும் இருக்கிறது. 2023-ல் வெளியான ஐ.சி.எம்.ஆர் ஆய்வின்படி, நாட்டில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு. சாப்பிட்ட சர்க்கரையை ரத்தத்திலிருந்து பெருமளவு எடுத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் அதைக் கொட்டிவைக்க இடம் குறைகிறது.

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், வாரம் 150 நிமிட நடைக்கு நிகரான உழைப்போடு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்றது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு, சமநிலையும் வலிமையும் சேர்ந்த பயிற்சி மூன்று நாள். 'வயசாயிடுச்சு, இனிமே என்ன' என்பவர்களுக்கு ஒரு பழைய ஆய்வு. 1990-ல் வெளியானது. பாஸ்டன் நகர முதியோர் இல்லத்தில் சராசரி 90 வயதுள்ள 10 பேருக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். ஒன்பது பேர் முடித்தார்கள். எட்டே வாரத்தில் கால் தசையின் வலிமை சராசரியாக 174 சதவிகிதம் கூடியது. இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டார்கள்.

'காட்டுல மேட்டுல உழைக்கிறோமே, அது போதாதா?'

இந்தப் பகுதியில் இந்தக் கேள்வி வராமலிருக்காது. நியாயமான கேள்வியும்கூட. பூப்பறிக்கிறவர் காலையிலிருந்து குனிந்தேதான் நிற்கிறார். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் மண் சுமக்கிறார். அவர்களிடம் போய் 'டம்பெல் தூக்குங்க' என்றால் சிரிப்பார்கள்.

வித்தியாசம் இதுதான். வேலை உடம்பைக் கேட்டு நடப்பதில்லை. ஒரே பக்கம், ஒரே குனிவு, வலித்தாலும் ஓய்வில்லை. பயிற்சியில் எடை உங்கள் அளவுக்கு இருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். இரண்டு பக்கமும் சமமாக வேலை செய்யும். நடுவில் ஒருநாள் ஓய்வு உண்டு. குனிந்தே வேலை செய்யும் முதுகுக்கு நிமிரவும் பின்னுக்கு இழுக்கவும் பழக்குவது, இன்னொரு உழைப்பு இல்லை, ஒருவகையில் வைத்தியம். 'ஆம்பள மாதிரி ஆயிடுவோமோ' என்ற பயமும் வேண்டாம். வாரம் மூன்று நாள் 20 நிமிடத்தில் யாருக்கும் அப்படி ஆகாது. அதற்கு வருஷக்கணக்கில் தவம் கிடக்க வேண்டும்.

இதற்கு ஜிம் அவசியமா என்றால், இல்லை. டிரெட்மில்லின் மோட்டார் பழசாகும், இரும்புத் தட்டு பழசாகாது. ஒரு ஜிம் மூடினால் மெஷின்கள் காயலான் கடைக்குப் போகும். தட்டுகளும் கம்பிகளும் கிலோ விலையில் யாரோ ஒருவர் வீட்டுக்குப் போய்விடும். அதுவும் இல்லையா? வீட்டைச் சுற்றிப் பாருங்கள். 20 லிட்டர் தண்ணீர் கேன், 20 கிலோ. நிரம்பிய கேஸ் சிலிண்டர், கிட்டத்தட்ட 30 கிலோ. அரிசி சிப்பம் 25 கிலோ. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி போட்டதும் 26 கிலோ மூட்டை வந்ததே, ஞாபகமிருக்கிறதா? வரி நமக்கு ஒரு கிலோ கூடுதல் எடையைத் தந்துவிட்டுப்போனது!

எடுத்த எடுப்பில் மூட்டைக்குப் போகவேண்டாம். நாற்காலியில் உட்கார்ந்து, கை ஊன்றாமல் எழுந்து உட்காருங்கள். பத்து தடவை. சுவரில் கை வைத்துத் தண்டால். இரண்டு கையிலும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு வீட்டைச் சுற்றி நடை. ஒரு பையில் ஐந்து கிலோ அரிசியைப் போட்டு, முதுகை வளைக்காமல், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளித் தரையிலிருந்து தூக்குங்கள். 12 தடவை சுலபமாக முடிந்தால் அடுத்த வாரம் ஒரு கிலோ கூட்டுங்கள். எடைப் பயிற்சியின் மொத்த ரகசியமும் இந்த 'ஒரு கிலோ கூட்டுவது'தான். தூக்கும்போது மூச்சை அடக்காதீர்கள். இதய நோய், கட்டுப்படாத ரத்த அழுத்தம், குடலிறக்கம், சமீபத்திய ஆபரேஷன் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தொடவேண்டாம்.

புரோட்டீன் பவுடர்? உடம்பேற்ற அதைத் தவிர்க்கச் சொல்கிறது 2024-ல் ஐ.சி.எம்.ஆர் வெளியிட்ட உணவு வழிகாட்டுதல். 100 கிராம் நிலக்கடலையில் சுமார் 25 கிராம் புரதம் இருக்கிறது. ஆலங்குடிக்காரர்களுக்குக் கடலையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

கடையாக இல்லாமல் கழகமாக...

வீட்டில் தனியாகத் தூக்குவதில் ஒரு குறை உண்டு. தப்பாகத் தூக்கினால் சொல்ல ஆள் இல்லை, நாலு நாள் விட்டால் கேட்கவும் ஆள் இல்லை. அதற்குத்தான் ஓர் இடம் தேவை. அது மாதக் கட்டணக் கடையாகத்தான் இருக்கவேண்டுமா என்ன?

வேலூர் சத்துவாச்சாரியைப் பாருங்கள். கிளாஸ்கோ 2014, கோல்டுகோஸ்ட் 2018 என இரண்டு காமன்வெல்த் போட்டிகளில் 77 கிலோ பிரிவில் தங்கம் வென்ற சதீஷ் சிவலிங்கம் அங்கிருந்து வந்தவர். அவ்வளவு தூரம் ஏன்? புதுக்கோட்டை மாவட்டம் நெம்மேலிப்பட்டியைச் சேர்ந்த அனுராதா பவுன்ராஜ், 2019 ஜூலையில் சமோவா தீவில் நடந்த காமன்வெல்த் பளுதூக்கும் சாம்பியன்ஷிப்பில் 87 கிலோ பிரிவில் தங்கம் வாங்கினார். காவல்துறையில் எஸ்.ஐ-யாக இருந்துகொண்டே தூக்கியவர். பளுதூக்குதலுக்கு ஒரு கம்பி, தட்டுகள், மரப்பலகை மேடை, கூடவே நின்று திருத்தும் ஒரு ஆசான் போதும். ஏ.சி-யும் வேண்டாம், கண்ணாடியும் வேண்டாம். கட்டணமே இல்லாமல் ஊர்க்காசில் கபடிக் குழுக்கள் ஓடுகிற மாவட்டம் இது. அந்தக் குழுக்கள் கூடும் இடத்தில் ஒரு கம்பியும் நூறு கிலோ தட்டும் சேர்வது நடக்காத காரியமில்லை.

அரசாங்கம் ஏற்கெனவே போட்ட பணமும் இருக்கிறது. 2016-ல் அறிவித்த திட்டத்தில் 500 ஊராட்சிகளில் அம்மா பூங்காவும் அம்மா உடற்பயிற்சிக் கூடமும் கட்ட முடிவானது. ஒரு கூடத்துக்கு 10 லட்ச ரூபாய். கட்டிடம் வந்தது, கருவிகள் வந்தன. சொல்லிக்கொடுக்க ஆள் வரவில்லை. பல மாவட்டங்களில் அவை பூட்டிக் கிடப்பதாகத் தொடர்ந்து செய்திகள் வந்தன. தொகுதிக்கு ஒரு சிறு விளையாட்டரங்கம், தலா 3 கோடி ரூபாய் என்று அடுத்த ஆட்சியில் அறிவித்தபோது, முதல் பட்டியலிலேயே ஆலங்குடி தொகுதி இடம்பிடித்தது. அப்போது விளையாட்டுத்துறையைக் கவனித்த அமைச்சர் மெய்யநாதன்தான் அன்றைய ஆலங்குடி எம்.எல்.ஏ. அரங்கம் இளைஞர்களுக்கு என்று மட்டும் நினைக்காமல், காலை 10 மணிக்கு மேல் ஒரு மணி நேரம் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் எடைப் பயிற்சி என்று ஒதுக்கினால், ஒரு பயிற்சியாளரின் சம்பளத்தைத் தவிர வேறு பெரிய செலவு இல்லை.

உங்கள் ஊராட்சியிலும் அப்படி ஒரு கூடம் பூட்டிக் கிடக்கிறதா? ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என வருஷத்துக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் எழுந்து, சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள்.