உங்களுக்குத் தெரியுமா? துண்டறிக்கையில் தொடங்கி அரசாணை வரை

சேலம், நாமக்கல் சமவெளியில் கல்லூரிப் பிள்ளைகள் கேட்டதும், அவர்களுக்குக் கிடைத்ததும், அதற்காக அவர்கள் கொடுத்த விலையும்.

துண்டறிக்கைக்குக் குண்டர் சட்டம்

2017 ஜூலை 12. சேலம் அரசு மகளிர் கலைக் கல்லூரி அருகே துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்த வளர்மதியைப் போலீசார் கைது செய்தார்கள். அவர் பெரியார் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்துக்கொண்டிருந்த மாணவி. நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் எண்ணெய், எரிவாயுத் திட்டங்களை எதிர்த்துப் போராடிய விவசாயிகளுக்குத் துணை நிற்கும்படி மாணவர்களை அழைத்தது அந்தத் துண்டறிக்கை. ஜூலை 17 அன்று அவர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. பல்கலைக்கழகம் இடைநீக்கம் செய்தது. அவர்மீது ஏற்கெனவே பல வழக்குகள் இருக்கின்றன என்று சட்டமன்றத்தில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி இந்த நடவடிக்கையை நியாயப்படுத்தினார். செப்டம்பர் 5 அன்று சென்னை உயர் நீதிமன்றம் குண்டர் சட்ட ஆணையை ரத்து செய்தது.

சேலத்துப் பெண்ணுக்குக் காவிரி டெல்டா விவகாரம் எதற்கு என்று அப்போது கேட்டவர்கள் உண்டு. டெல்டாவின் குறுவைக்கும் சம்பாவுக்கும் தண்ணீர் திறப்பது சேலம் மாவட்டத்து மேட்டூரில்தான். அந்தக் கேள்விக்கு இந்தப் பதில் போதும்.

2020 பிப்ரவரி 9. அதே சேலம் மாவட்டம், தலைவாசல். கால்நடைப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டும் விழா. காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவிக்கப்படும் என்று மேடையிலிருந்து அறிவித்தவர் அதே முதலமைச்சர். அந்த மாதமே சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. புதிய ஹைட்ரோகார்பன் கிணறுகளுக்கு டெல்டாவில் தடை வந்தது. இந்த வெற்றி முதலாவதாக டெல்டா மக்களுடையது. ஆனால் ஒரு மாணவி எந்தத் தாளைக் கொடுத்ததற்காகச் சிறைக்குப் போனாரோ, அந்தத் தாளின் கோரிக்கையில் பெரும்பகுதி மூன்று ஆண்டுகள் முடியும் முன்பே அரசின் சட்டமாகிவிட்டது. சிறையில் கழிந்த நாள்களை யாரும் அவருக்குத் திருப்பித் தரவில்லை.

14/1982

குண்டர் சட்டம் என்று நாம் சொல்வது தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டு 14ஆம் எண் சட்டம். முதலில் கள்ளச்சாராயக்காரர்கள், மருந்துச் சரக்குக் குற்றவாளிகள், குண்டர்கள் போன்றோரைக் குறிவைத்து எழுதப்பட்டது. இதில் அடைக்கப்பட்டவரை விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை உள்ளே வைத்திருக்கலாம். மாணவர்மீது இதை ஏவுவதில் எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

ஜமீன் வீட்டுப் பிள்ளைகள்

திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் குமாரமங்கலம். சென்னை மாகாண முதலமைச்சராக 1926 முதல் 1930 வரை இருந்த டாக்டர் ப. சுப்பராயன் அந்த ஜமீனைச் சேர்ந்தவர். அவருடைய மகன் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்ஜில் படித்தபோது அங்குள்ள மாணவர் மன்றத்துக்கே தலைவரானார். மகள் பார்வதி ஆக்ஸ்போர்டில் படித்தார். இருவரும் இங்கிலாந்திலேயே மாணவர் இயக்கத்தில் இறங்கி, பொதுவுடைமைக்காரர்களாக ஊர் திரும்பினார்கள். அண்ணன் 1940களின் தொடக்கத்தில் சென்னை சதி வழக்கில் சிக்கினார். தங்கை பார்வதி கிருஷ்ணன் தொழிற்சங்கத் தலைவராகி, கோவையிலிருந்து நாடாளுமன்றம் போனார். சேலம் இரும்பாலைக்கு 1970இல் அடிக்கல் நாட்டப்பட்டது. அடுத்த ஆண்டே மத்திய உருக்குத் துறை மோகன் குமாரமங்கலத்தின் கைக்கு வந்தது.

ஓட்டு இல்லாதவர்கள் மாற்றிய ஆட்சி

1965 இந்தி எதிர்ப்புப் போராட்டம் என்றதும் சிதம்பரமும் பொள்ளாச்சியும் நினைவுக்கு வரும். ஜனவரி 27 அன்று அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர் ராஜேந்திரன் சுட்டுக் கொல்லப்பட்டார். அப்போது சேலம் மாவட்டத்தில் இருந்த குமாரபாளையமும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்களைப் பறிகொடுத்த ஊர் என்பதைப் பலரும் மறந்துவிட்டார்கள். நெசவாளர் ஊர் அது. மாணவர் போராட்டம் கல்லூரி வாசலோடு நிற்கவில்லை என்பதற்குச் சாட்சி.

இரண்டு ஆண்டு கழித்துத் தேர்தல். விருதுநகரில் காமராஜரை 1,285 ஓட்டில் தோற்கடித்தவர் அந்த மாணவர் போராட்டத்தின் தலைவர்களில் ஒருவரான பெ. சீனிவாசன். 1968 ஜனவரியில் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறியது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அன்று ஓட்டுரிமை வயது 21. வீதியில் நின்ற கல்லூரி மாணவர்களில் பலரால் ஓட்டுச்சாவடிக்குள் போகவே முடியாது. வீட்டில் அப்பாவிடமும் அம்மாவிடமும் பேசித்தான் அவர்கள் ஆட்சியை மாற்றினார்கள். வயது 18 ஆனது 1989இல், 61ஆவது அரசியல் சட்டத் திருத்தத்தால்.

தென் அமெரிக்காவின் சிலி நாட்டிலும் இப்படி ஒன்று நடந்தது. 2011இல் இலவசக் கல்வி கேட்டு வீதிக்கு வந்த மாணவர் தலைவர்களில் ஒருவர் கேப்ரியல் போரிச். 2022 மார்ச்சில் அந்த நாட்டின் அதிபராகப் பதவியேற்றார்.

ஏழு நாளில் ஒரு சட்டம்

2017 ஜனவரி 17 அன்று ஜல்லிக்கட்டு கேட்டு மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள். சேலத்தில் முள்ளுவாடி கேட் அருகே காரைக்கால் பயணிகள் ரயிலை மறித்தார்கள். 21ஆம் தேதி ஜல்லிக்கட்டுக்கு அவசரச் சட்டம். 23ஆம் தேதி சட்டமன்றத்தில் மசோதா. அதே நாள் காலையில் மெரினாவில் தடியடி. உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை உறுதி செய்தது 2023 மே 18 அன்று.

முதல் மதுவிலக்கு மாவட்டம்

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கை முதன்முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில். இன்றைய நாமக்கல்லும் அதற்குள் இருந்தது. அதே சேலத்து மண்ணைச் சேர்ந்த காந்தியவாதி சசிபெருமாள், 2015 ஜூலை 31 அன்று, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரு மதுக்கடையை மூடச் சொல்லி செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடியபோது இறந்தார். அடுத்த சில நாள்களில் தமிழகமெங்கும் மாணவர்கள் கிளம்பினார்கள். சென்னை சேத்துப்பட்டில் பச்சையப்பன் கல்லூரி மாணவர்கள் ஒரு கடையை அடித்து நொறுக்கினார்கள். அந்த வழி சரியல்ல, வழக்குகள்தான் அவர்கள் தலையில் விழுந்தன. ஆனால் மதுக்கடை அடுத்த தேர்தலின் முக்கியப் பேச்சாகிவிட்டது. 2016 மே மாதம் பதவியேற்ற அன்றே ஜெயலலிதா 500 கடைகளை மூடவும், காலை 10 மணிக்குத் திறந்த கடைகளைப் பகல் 12 மணிக்குத் திறக்கவும் கையெழுத்திட்டார்.

அரசாணை எண் 92

திருச்செங்கோடு, ராசிபுரம், சேலம் புறவழிச்சாலை என எந்தப் பக்கம் காலையில் போனாலும் மஞ்சள் நிறக் கல்லூரிப் பேருந்துகள் வரிசைகட்டிப் போகும். தமிழகத்தில் சுயநிதிக் கல்லூரிகள் நெருக்கமாக உள்ள வட்டாரங்களில் இது ஒன்று. இங்கே படிக்கும் ஒவ்வோர் ஆதிதிராவிட, பழங்குடி மாணவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய ஆணை, 2012 செப்டம்பர் 11 தேதியிட்ட அரசாணை எண் 92. சுயநிதிக் கல்லூரியில் சேர்ந்தாலும், வருமான வரம்புக்குள் இருந்தால், அரசு நிர்ணயித்த கட்டணத்தை அரசே கட்டும் என்று சொன்னது அது.

ஆணை வந்தும் நடைமுறை சுலபத்தில் வரவில்லை. 'முதலில் கட்டுங்கள், உதவித்தொகை வந்ததும் திருப்பித் தருகிறோம்' என்று சொல்லும் நிர்வாகங்களிடம் மாணவர் அமைப்புகள் இந்த ஆணையின் நகலைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேசின. கலெக்டர் ஆபீஸ் திங்கள்கிழமைக் குறைதீர்க்கும் நாளில் மனு போட்டன. கோஷத்தைவிட அந்த நகலுக்கு மதிப்பு அதிகம். தறிக்குப் போகும் அம்மாவுக்கும் லாரி கிளீனராக இருக்கும் அப்பாவுக்கும் 50,000 ரூபாய் கட்டுவது என்பது கந்துவட்டிக்குப் போவது. பிள்ளை படிப்பை விடாமல் இருப்பது பல வீடுகளில் ஓர் அரசாணை எண் தெரிந்திருப்பதில் இருக்கிறது.

7.5

நாமக்கல் என்றால் முட்டை, லாரி. அடுத்தது மருத்துவ இடத்துக்குத் தயாராக்கும் உறைவிடப் பள்ளி. அந்தக் கட்டணத்தை நினைத்துப் பார்க்க முடியாத அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு நீட் நுழைவுத் தேர்வு வந்தபின் கதவு ஏறத்தாழ மூடிப்போனது. 2017 செப்டம்பர் 1 அன்று நீட்டால் மருத்துவ இடம் கிடைக்காத அரியலூர் மாணவி அனிதாவின் மரணத்துக்குப் பின் கல்லூரி மாணவர்கள் பல நாள் வகுப்பைப் புறக்கணித்தார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவ இடங்களில் 10 விழுக்காடு ஒதுக்கீட்டை நீதிபதி கலையரசன் குழு பரிந்துரைத்தது, அரசு 7.5 விழுக்காடாக 2020இல் சட்டம் செய்தது. ஆளுநர் ஒப்புதலுக்காக ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. 2021இல் அதே ஒதுக்கீடு பொறியியல், வேளாண்மை, சட்டப் படிப்புகளுக்கும் வந்தது. நீட் இன்னும் இருக்கிறது. கோரிக்கை பாதிதான் நிறைவேறியிருக்கிறது என்பதை மறைக்கத் தேவையில்லை.

ஒரு ரூபாய்

2018 ஜனவரி 20 அன்று பஸ் கட்டணம் ஏறியது. மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியே வந்தார்கள். ஒன்பதாவது நாள் அரசு கொஞ்சம் குறைத்தது: டவுன் பஸ்சின் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 4 ஆனது. ஏற்றத்துக்கு முன் அது 3.

தேர்தல் எங்கே?

மாணவர் பேரவைத் தேர்தல் எப்படி நடக்க வேண்டும் என்று லிங்டோ குழு கொடுத்த பரிந்துரைகளை 2006 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் ஏற்றது. வேட்பாளர் செலவு 5,000 ரூபாய்க்குள், வருகைப்பதிவு 75 விழுக்காடு. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவற்றில் அந்தத் தேர்தலே நடப்பதில்லை. பேசி முடிக்க வேண்டியதற்கும் பிள்ளைகள் ரோட்டுக்கு வருவதன் முதல் காரணம் இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

லீவு நாள் கிராம சபை

ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. நான்கும் விடுமுறை, விடுதிப் பிள்ளைகள் ஊருக்கு வரும் நாள்கள். மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் இப்போது கிராம சபை உண்டு. 18 வயதாகி, ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், எழுந்து பேசலாம், தீர்மானம் கேட்கலாம். நேரில் பார்த்தால் தெரியும், பலர் பேசிவிட்டுப் போய்விடுவார்கள். ஊராட்சிச் செயலர் தீர்மானப் புத்தகத்தில் அதை எழுதும்வரை நிற்பவர் ஒன்றிரண்டு பேர். எழுதி முடித்ததும் அந்தப் பக்கத்தைப் படித்துப் பாருங்கள். எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தீர்மானம் என்ன ஆனது என்று கேட்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் வழி இருக்கிறது. வெள்ளைத்தாள் மனுவில் 10 ரூபாய் கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினால் 30 நாளில் பதில் வர வேண்டும். மத்தியச் சட்டம் 2005இல்தான் வந்தது. தமிழ்நாடு 1997லேயே தனக்கென ஒரு தகவல் உரிமைச் சட்டம் போட்டுவிட்டது, நாட்டிலேயே முதலாவதாக.

கிராம சபைக்கு ஆள் கணக்கும் உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. அந்த எண்ணிக்கை சேராவிட்டால் கூட்டம் செல்லாது. ஒரு தெருவின் கல்லூரிப் பிள்ளைகள் எல்லோரும் வந்தாலே பல ஊர்களில் அந்தக் குறை தீர்ந்துவிடும்.